மொட்டை மாடிக்கு வந்த கண்ணம்பாடி

சோலார் பேனல் ஏற்கெனவே உள்ள வீட்டில் பேட்டரியையும் சேர்ப்பது பெங்களூரில் இப்போது புதுமையாகப் பேசப்படுகிறது. இங்குள்ள தொம்மலூர்ப் பகுதியையும் அதைச் சுற்றியுள்ள நகரத்தையும் வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் அது புதுமையாகத் தெரியாது. சேமிப்பே இல்லாமல் சூரிய மின்சாரத்தை நடத்திவிடலாம் என்று நாம் நம்பிய கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்தான் விதிவிலக்கு. நீரானாலும் மின்சாரமானாலும், வரும் நேரமும் வேண்டிய நேரமும் இந்த ஊரில் ஒத்துப்போனதே இல்லை. நடுவில் இருக்கும் இடைவெளியை யாரோ ஒருவர் தேக்கி வைத்து நிரப்பியிருக்கிறார். அவர் யார், செலவு யார் தலையில் விழுந்தது என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

பெங்களூருக்குப் பெரிய வற்றாத ஆறு கிடையாது. மேட்டு நிலத்தில் விழும் மழையைக் கரை கட்டி நிறுத்தித்தான் இங்கே ஊர்கள் உண்டாயின. தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் இதற்குச் சான்று. 13-ஆம் நூற்றாண்டில், போசள மன்னன் வீரராமநாதன் காலத்தை ஒட்டிய கொடைகளை அவை பேசுகின்றன. அவற்றுள் ஒன்றில் விண்ணமங்கலம் ஏரியும் இடம்பெறுகிறது. இன்றைய இந்திராநகர்ப் பக்கத்துப் பின்னமங்கலாவாக அது இருக்க வேண்டும். கோயிலுக்கு எழுதி வைக்கத்தக்க சொத்தாக ஏரி மதிக்கப்பட்டிருக்கிறது என்பதே இதில் முக்கியம். அந்த மதிப்பு நம் காலத்தில் போய்விட்டது. தொம்மலூர் ஏரி குடியிருப்பு மனைகளானது. பக்கத்துச் சல்லகட்டா ஏரி கோல்ஃப் மைதானமானது. தேக்கி வைக்கும் இடத்தை வெற்று நிலமாகக் கணக்கிடும் பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது. மின்சாரத்திலும் அதே பிழையைச் செய்தோம் என்பது என் கருத்து.

மின்சாரத்தின் கதை சிவனசமுத்திரத்தில் தொடங்குகிறது. காவிரி அருவியில் அமைந்த மின்நிலையம் 1902-இல் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் அனுப்பியது. சுமார் 147 கிலோமீட்டர் தூரம், 30,000 வோல்ட். அக்காலத்தில் உலகிலேயே மிக நீண்ட மின்பாதைகளுள் ஒன்று. வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் போன ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் இறங்கிய சுரங்கங்களுக்கே முதல் மின்சாரம் போயிற்று. பெங்களூரின் தெருவிளக்குகள் எரிந்தது அதற்குப் பிறகு, 1905 ஆகஸ்டில். ஆனால் அந்த நிலையம் ஓடுகிற ஆற்றை நம்பியது. கோடையில் காவிரி இளைத்தால் மின்சாரமும் இளைக்கும்; சுரங்கத்தின் தேவையோ ஆண்டு முழுவதும் ஒரே அளவு. 1911-இல் கண்ணம்பாடியில் கிருஷ்ணராஜ சாகர அணை வேலை தொடங்கியதற்குப் பாசனம் ஒரு காரணம் என்றால், சிவனசமுத்திரத்துக்குத் தடையில்லாமல் தண்ணீர் விடுவது மற்றொரு காரணம். காவிரித் தகராறின் வழியாகவே கிருஷ்ணராஜ சாகரத்தை அறிந்த தமிழ் வாசகர்கள் இந்த இரண்டாவது காரணத்தைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. விசுவேசுவரய்யா முன்னின்று எழுப்பிய அந்த அணை, மின்சாரத்தின் பக்கமிருந்து பார்த்தால், மைசூர் அரசு தன் பணத்தில் கட்டிய மாபெரும் பேட்டரி. மழைக்கால ஆற்றைக் கோடைக்கால மின்சாரமாக்க அரசே முதலீடு செய்தது. தனி வீடு எதுவும் அதற்காகத் தன் பங்குக்கு எதையும் வாங்க வேண்டியிருக்கவில்லை.

அந்த ஏற்பாடு ஏறக்குறைய அறுபது ஆண்டு தாங்கியது. 1960-களில் சராவதியும் லிங்கனமக்கி அணையும் சேர்ந்தன. மாநிலம் ஏறக்குறைய முழுவதுமே நீர்மின்சாரத்தில் ஓடியது. ராய்ச்சூர் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1985-இல்தான் வந்தது. ஆகவே பருவமழை பொய்த்த ஆண்டுகளில் மின்வெட்டைத் தவிர்க்க முடியவில்லை. நகரம் பெருத்தது, அணைகள் அதே வேகத்தில் பெருகவில்லை. அப்போது சேமிக்கும் பொறுப்பு எந்த அறிவிப்பும் இல்லாமல் வீடுகளுக்கு இறங்கியது. 1990-களிலிருந்து வீட்டு மூலையில் ஒரு யூபிஎஸ்ஸும் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியும் வந்து உட்கார்ந்தன. பழைய விமான நிலையச் சாலையை ஒட்டி எழுந்த அலுவலக வளாகங்களில் டீசல் ஜெனரேட்டர் நின்றது. அந்த பேட்டரிக்கு மாதாமாதம் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிய குடும்பங்கள், பொது மின்கட்டமைப்பின் குறையைத் தம் செலவில் ஈடுகட்டின. எந்த மின்திட்டக் கணக்கிலும் அந்தப் பணம் ஏறவில்லை.

இதே காலத்தில் கர்நாடகக் கிராமங்களில் சூரிய மின்சாரம் பேட்டரியோடு சேர்ந்தே பிறந்தது. 1995-இல் பெங்களூரில் ஹரீஷ் ஹண்டேயும் நெவில் வில்லியம்ஸும் தொடங்கிய செல்கோ நிறுவனம் விற்றது பேனல், பேட்டரி, விளக்கு மூன்றும் அடங்கிய ஒரே தொகுப்பு. பகலில் வருவதை இரவுக்கு வைத்தால்தான் ஏழை வீட்டுக்குப் பயன் என்பது அங்கே விவாதத்துக்கு இடமில்லாத உண்மை. நகரத்திலும் முதலில் வென்ற சூரியக் கருவி சேமிப்பை உள்ளடக்கியதுதான். பெங்களூர் மாடிகளில் எங்கும் தெரியும் சோலார் வாட்டர் ஹீட்டரின் உருளைத் தொட்டி, பகல் வெயிலை மறுநாள் காலைக் குளியலுக்கு வைத்துத் தருகிறது. மின் வாரியம் அதற்கு யூனிட்டுக்கு 50 காசு, மாதத்துக்கு அதிகபட்சம் 50 ரூபாய் தள்ளுபடி கொடுத்தது. சிறிய தொகைதான், ஆனாலும் வீட்டுச் சேமிப்பு பொதுநலன் என்பதை அரசு ஒப்புக்கொண்ட ஓர் அரிய முன்மாதிரி அது.

பிறகு 2013 அக்டோபரில் கர்நாடக மின்சார ஒழுங்குமுறை ஆணையம், மாடி சோலாரிலிருந்து வரும் மின்சாரத்துக்கு மானியம் பெறாதவர்களுக்கு யூனிட்டுக்கு 9.56 ரூபாய், பெற்றவர்களுக்கு 7.20 ரூபாய் என விலை வைத்தது. நெட் மீட்டர் வந்தது. பகலில் மிஞ்சியதைக் கம்பியில் விட்டு, இரவில் அதே கம்பியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பேட்டரி தேவையற்ற பொருளானது. பின்வந்த ஆணைகள் அந்த விலையைப் படிப்படியாகக் குறைத்தபோதும் வீடுகள் ஒரே அமைப்பில்தான் தொடர்ந்தன: பேனல், கிரிட் எனும் பொது மின்கட்டமைப்போடு இணைத்த இன்வெர்ட்டர், மீட்டர். இந்த அமைப்பில் கரண்ட் போனால், உச்சி வெயில் அடித்தாலும் வீடு இருண்டுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனின் உயிரைக் காக்க, கிரிட் நின்றதும் இன்வெர்ட்டரும் நின்றாக வேண்டும்; அந்த விதி சரியானது. அதன் விளைவாக, லட்சங்கள் செலவழித்துப் பேனல் போட்ட வீடு மின்வெட்டின்போது மூலையிலிருக்கும் பழைய யூபிஎஸ்ஸைத்தான் நம்புகிறது. இரண்டு கருவிகளுக்கும் தொடர்பே இல்லை.

அவற்றை இணைப்பதுதான் இன்றைய வேலை. அதற்கு இரண்டு வழிகள் உண்டு. பழைய இன்வெர்ட்டரை எடுத்துவிட்டு, பேனலையும் பேட்டரியையும் சேர்த்தாளும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வைப்பது ஒன்று. பழையதை அப்படியே விட்டு, வீட்டு வயரிங் பக்கம் தனியாகப் பேட்டரி இன்வெர்ட்டர் சேர்ப்பது இன்னொன்று. இரண்டாம் வழியில், மின்வெட்டில் பேட்டரி நிரம்பிய பிறகும் பேனல் தள்ளிக்கொண்டே இருந்தால் அதைக் கட்டுப்படுத்தும் திறன் புதிய கருவிக்கு இருக்க வேண்டும். சாதாரண யூபிஎஸ் இதற்கு உதவாது. இரண்டிலும், கிரிட் நின்ற நொடியில் வீட்டைத் தெருக் கம்பியிலிருந்து துண்டிக்கும் சுவிட்ச் கட்டாயம். பெங்களூர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும். 150 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி கணக்குக்கு 1.8 யூனிட் பிடித்தாலும், நீண்ட ஆயுள் வேண்டுமானால் பாதியளவே செலவழிக்கலாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் எண்பது, தொண்ணூறு சதவீதம் வரை எடுக்கலாம். ஐந்து யூனிட் பேட்டரி இருந்தால் விளக்கு, மின்விசிறி, ஃபிரிட்ஜ், வைஃபை ஓர் இரவைக் கடந்துவிடும். தேவையைக் குறைத்தால் இன்னும் சிறியது போதும். தொம்மலூரிலேயே உள்ள, எரிசக்தி ஆய்வு நிறுவனமான டெரியின் தென்மண்டலக் கட்டடம், இயற்கைக் காற்றோட்டத்தையும் பகல் வெளிச்சத்தையும் கொண்டு இயங்கும்படி கட்டடக் கலைஞர் சஞ்சய் மோஹே வடிவமைத்தது. பேட்டரி வாங்குமுன் பார்க்க வேண்டிய பாடம் அதில் இருக்கிறது.

கிரிட்டே இலவச பேட்டரியாக இருக்கும்போது பணம் போட்டு வாங்குவானேன் என்று கேட்பார்கள். கிரிட் எதையும் தனக்குள் சேர்த்து வைப்பதில்லை. நண்பகலில் தொம்மலூர் மாடி விட்ட யூனிட் அப்போதே எங்கோ செலவாகிவிடுகிறது. இரவில் திரும்பி வருவது லிங்கனமக்கித் தண்ணீரோ ராய்ச்சூர் நிலக்கரியோ. கர்நாடகத்தின் பவகடாவில் மட்டும் 2,050 மெகாவாட் சூரிய மின்பூங்கா இருக்கிறது. மாநிலத்துக்கு நண்பகலில் பஞ்சமில்லை, பஞ்சம் மாலையில். 2023-இல் பருவமழை குறைந்தபோது, மாநிலத்துக்குள் உற்பத்தியாகும் மின்சாரம் வெளியே போகாதபடி அரசு மின்சாரச் சட்டத்தின் 11-ஆம் பிரிவைக் கையில் எடுக்க வேண்டியிருந்தது. பொதுத் துறையே பெரிய சேமிப்பைக் கட்டட்டும் என்பது நியாயமான வாதம். கோவை மாவட்டத்துக் கடம்பாறையில், தண்ணீரை மேலேற்றித் தேக்கும் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் 1980-களிலிருந்து அதைச் செய்துவருகிறது. ஆனால் அத்தகைய இடங்கள் மலைக்காடுகளில் இருக்கின்றன. சராவதிப் பள்ளத்தாக்கில் திட்டமிடும் நீரேற்று நிலையத்துக்கு எழுந்திருக்கும் எதிர்ப்பு, அத்தகைய ஒவ்வொரு திட்டமும் எவ்வளவு விலை கேட்கிறது என்பதைக் காட்டுகிறது. கூரை ஏற்கெனவே இருக்கிறது. அதற்காக எந்தக் காட்டையும் மூழ்கடிக்க வேண்டாம்.

வசதியுள்ளவர்கள் பேட்டரி வாங்கி விலகிவிட்டால் கம்பியின் செலவு ஏழைகள் மேல் விழும் என்பது இதைவிடக் கனமான எதிர்ப்பு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. கர்நாடக அரசின் கிரகஜோதித் திட்டத்தில் 200 யூனிட் வரை இலவசமாகப் பெறும் வீட்டுக்குப் பேட்டரியால் பணம் மிச்சமாகாது என்பதும் உண்மை. வெறும் பில் கணக்கில் இது பலருக்கு இன்று கட்டுப்படியாகாது. ஆனால் பேட்டரிகள் ஏற்கெனவே வீடுகளில் இருக்கின்றன என்பதை இந்த வாதம் மறந்துவிடுகிறது. ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பின்னும் கரண்ட் திரும்பிய கணத்தில் ஊரின் யூபிஎஸ்கள் எல்லாம் ஒன்றாகக் கிரிட்டிலிருந்து உறிஞ்சுகின்றன, பல நாள் மாலை உச்ச நேரத்திலேயே. அதே சேமிப்பு பகலில் மாடியிலிருந்து நிரம்பினால் பக்கத்து வீட்டின் சுமையும் குறைகிறது. ஈயக் கழிவைப் பற்றிய கவலைக்கும் இதே பதில் பொருந்தும்: அந்தக் கழிவு இப்போதே உருவாகிக்கொண்டிருக்கிறது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் லித்தியத்தையும் சேர்த்து உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குகின்றன. அவற்றை நடைமுறைப்படுத்துவதே தேவை.

மாலை மின்சாரத்தின் அருமையை அரசே இப்போது விலையில் எழுதத் தொடங்கியிருக்கிறது. 2023 ஜூனில் மத்திய அரசு திருத்திய நுகர்வோர் உரிமை விதிகள், சூரிய நேரக் கட்டணம் வழக்கத்தைவிட 20 சதவீதமாவது குறைவாகவும் உச்ச நேரக் கட்டணம் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்கின்றன. ஆனால் 2024-இல் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தின் மானியம், மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய், பேனலின் அளவை வைத்தே கணக்கிடப்படுகிறது. எத்தனை யூனிட்டை மாலைக்கு வைத்துத் தருகிறாய் என்று அது கேட்பதில்லை. கண்ணம்பாடியில் தண்ணீரைத் தேக்க அரசே பணம் போட்டது. வாட்டர் ஹீட்டரில் வெந்நீரைத் தேக்கியவருக்கு மாதம் 50 ரூபாய் வரை கொடுத்தது. அதேபோல, மாலை ஏழு மணிக்குக் கம்பிக்குத் திருப்பித் தரும் யூனிட்டுக்கு நண்பகல் யூனிட்டைவிட உயர்ந்த தனி விலையை மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வைக்க வேண்டும். பழைய யூபிஎஸ்ஸை சோலாரோடு இணைக்கும் வீடுகளுக்கே அதை முதலில் தர வேண்டும்.