பழைய ஒலிபெருக்கிக்குள் இருப்பது அசல் டிரைவர்தானா?

ஜார்ஜ்டவுன் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் வால்வு வானொலிகளும் மரப்பெட்டி ஒலிபெருக்கிகளும் இன்றும் விலைக்கு வருகின்றன. பெட்டியின் பளபளப்பையும் முன்புறத் துணியையும் பெயர்ப்பட்டையையும் பார்த்தே பலர் விலை பேசுகிறார்கள். ஆனால் பாடுவது பெட்டியல்ல. உள்ளே திருகி வைத்திருக்கும் டிரைவர்தான், அதாவது காந்தம், கம்பிச்சுருள், காகிதக் கூம்பு ஆகியவை சேர்ந்த பாகம்தான் பாடுகிறது. அதைக் கழற்றிவிட்டுப் புதிய மலிவு ஸ்பீக்கரைப் பொருத்தினால் வெளியே எந்த வேறுபாடும் தெரியாது. ஏமாற்றம் நடப்பதும் அங்கேதான்.

பினாங்குத் தமிழருக்கும் வானொலிக்கும் உள்ள உறவு பழையது. பினாங்கு வயர்லெஸ் சங்கம் 1934-இல் இசட்.எச்.ஜே. என்ற நிலையத்தைத் தொடங்கியபோதே தமிழிலும் ஒலிபரப்பு இருந்தது. 1949-இல் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் தொடங்கிய ரெடிபியூஷன் கம்பிவழி ஒலிபரப்பு பின்னர் பினாங்குக்கும் வந்தது. அந்தப் பெட்டிக்குள் நிலையம் தேடும் கருவி எதுவும் இல்லை. ஒரு ஸ்பீக்கர், ஒரு டிரான்ஸ்பார்மர், சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ், அவ்வளவுதான். தோட்டங்களில் ஒரு வீட்டு வானொலியை லயமே கேட்டது. அப்படி வாங்கிய பெட்டிகள் சில குடும்பங்களில் இன்னும் இருக்கின்றன. பழுது பார்க்கக் கொடுத்து, "பாடுகிறது" என்று மகிழ்ந்து வாங்கி வந்தவர்களில் எத்தனை பேர் பழைய ஸ்பீக்கரைத் திருப்பிக் கேட்டிருப்பார்கள்?

அசலை அறிய முதலில் பின்பலகையைக் கழற்ற வேண்டும். மின்கம்பியை முன்னதாகவே பிடுங்கிவிடுவது கட்டாயம். வால்வு வானொலியின் மின்தேக்கிகளில் அணைத்த பிறகும் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கண்ணே நிறையச் சொல்லும். ஸ்பீக்கரைச் சுற்றி இரண்டு வரிசைத் திருகு ஓட்டைகள் இருந்தால் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. பழைய மரத்தில் பளிச்சென்ற திருகுகள், வேறு அளவு வட்டத்தின் தூசி அடையாளம், வெட்டி ஒட்டிய கம்பிகள் ஆகியவையும் அதையே காட்டுகின்றன. ஈயப்பற்று மங்கிச் சாம்பல் நிறமாக இருந்தால் நல்ல அறிகுறி. புதிதாக மின்னினால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். ஜோடி ஒலிபெருக்கியாக இருந்தால் இரண்டையும் திறந்து பார்க்க வேண்டும். ஒன்று அசல், மற்றொன்று மாற்று என்பது மிகச் சாதாரணமாக நடக்கும்.

அடுத்தது எண்கள். அமெரிக்க ஸ்பீக்கர்களின் சட்டத்தில் தயாரிப்பாளரையும் நாளையும் காட்டும் எண் குத்தப்பட்டிருக்கும். 220 ஜென்சனையும், 137 சி.டி.எஸ். நிறுவனத்தையும், 465 ஆக்ஸ்போர்டையும், 328 யூட்டாவையும் குறிக்கும். 220632 என்றிருந்தால் ஜென்சன், 6-இல் முடியும் ஓர் ஆண்டு, அதன் 32-ஆவது வாரம் என்று பொருள். அது 1956-ஆ 1966-ஆ என்பதைப் பெட்டியின் மற்றப் பாகங்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். டிரைவரின் நாள் பெட்டியின் நாளுக்குச் சில மாதம் முந்தியிருப்பது இயல்பு. பல ஆண்டு பிந்தியிருந்தால் அது அசல் அல்ல. பிலிப்ஸ் ஸ்பீக்கர்களில் ஏ.டி. என்று தொடங்கும் எண்களும், 9710 எம் போன்ற பெயர்களும் காணப்படும். அந்த 'எம்' நடுவில் ஒரு சிறிய கூம்பும் உள்ள இரட்டைக் கூம்பு வகையைக் குறிக்கிறது. பிரிட்டனின் டனாய் 1947-இல் அறிமுகப்படுத்திய இரட்டை மைய டிரைவர்களில் வரிசை எண் ஒட்டப்பட்டிருக்கும். மானிட்டர் கோல்ட் 1967-இலும் எச்.பி.டி. 1974-இலும் வந்தவை. ஆகவே 1960-ஆம் ஆண்டுப் பெட்டி என்று சொல்லி எச்.பி.டி.யைக் காட்டினால் சந்தேகப்பட வேண்டும்.

1930-களின் வானொலிகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அவற்றின் ஸ்பீக்கர் பலவற்றில் நிலைக்காந்தமே கிடையாது. மின்சாரம் பாயும்போது மட்டும் காந்தமாகும் பெரிய கம்பிச்சுருள் இருக்கும். அணைத்த நிலையில் திருகாணியை அது ஏறக்குறைய இழுக்காது. இதைச் "செத்த ஸ்பீக்கர்" என்று தூக்கி எறிவதுண்டு. அந்தச் சுருள் வானொலியின் மின்வழங்கலிலும் ஒரு பாகமாக, இரைச்சலை வடிகட்டும் வேலையைச் செய்கிறது. அதை எடுத்துவிட்டுச் சாதாரண ஸ்பீக்கரை மட்டும் மாட்டினால் வானொலி இயங்காது. ஈடான சோக் அல்லது மின்தடையும் சேர்க்க வேண்டும்.

அசல் ஸ்பீக்கர் கிடைத்தும் பாடவில்லையா? உடனே கைவிட வேண்டாம். இணைப்பைக் கழற்றி மீட்டரில் அளந்தால் 8 ஓம் ஸ்பீக்கர் ஏறக்குறைய 6 ஓம் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கலாம். கூம்புக்குப் போகும் மெல்லிய பின்னல் கம்பி மட்டும் அறுந்திருந்தால் அது சிறிய வேலைதான். 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டு எடுத்தால் பெரிய கூம்பு லேசாக அசைய வேண்டும். கூம்பை விரலால் மெதுவாக அழுத்தும்போது உரசும் ஓசை வந்தால் சுருள் நடுவிலிருந்து விலகியிருக்கிறது.

பினாங்கின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். காகிதக் கூம்புக்கு இதைவிடப் பெரிய எதிரி இல்லை (எலியைத் தவிர). பூஞ்சையை உலர்ந்த மென்மையான தூரிகையால் துடைக்க வேண்டும். தண்ணீரோ எண்ணெய்த் தெளிப்போ கூடாது. சிறு கிழிசலுக்கு மெல்லிய டிஷ்யூ காகிதமும் நீர்த்த வெள்ளைப் பசையும் போதும். கூம்பின் ஓரத்து நுரை வளையம் 15, 20 ஆண்டுகளில் பொடியாகிவிடும். 1970-களுக்குப் பிந்திய ஒலிபெருக்கிகள் பலவற்றில் இதைக் காணலாம். வளையம் உதிர்ந்துவிட்டது என்பதற்காக ஸ்பீக்கரையே மாற்றுவது, டயர் தேய்ந்ததற்குக் காரை விற்பதைப் போன்றது. வளையத்தை மட்டும் மாற்றலாம். கூம்பு முழுவதையும் மாற்றுவது கடைசி வழி. அதற்குப் பிறகு குரலும் மாறும், மதிப்பும் குறையும்.

கழற்றிய டிரைவரைச் சிமெண்டுத் தரையில் வைக்கக் கூடாது. இரும்புத் தூள் காந்த இடைவெளிக்குள் போனால் எடுப்பது கடினம். துணியில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வைக்கலாம். கனமான பெரிய ஸ்பீக்கர்கள் பல ஆண்டு ஒரே நிலையில் நின்றால் கூம்பு தொய்யும் என்பதால், சிலர் அவ்வப்போது அரைவட்டம் திருப்பி மாட்டுகிறார்கள்.

மாற்று ஸ்பீக்கர் போட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், பழைய ஓட்டைகளிலேயே பொருந்துவதைத் தேட வேண்டும். கழற்றிய அசலில் எந்த வானொலியிலிருந்து, எந்த நாளில் எடுத்தது என்று ஒரு சீட்டு கட்டி, அந்தப் பெட்டியோடேயே வைத்துவிட வேண்டும்.