புள்ளிக்கு வந்த மருந்து நிறத்துக்குப் போன கதை

முகத்தில ஒரு பரு வந்து கறுத்த அடையாளத்தை விட்டுட்டுப் போனால் வீட்டில ஆளுக்கொரு வைத்தியம் சொல்லுவினம். அம்மம்மா கஸ்தூரி மஞ்சளும் பாலாடையும் பூசச் சொல்லுவா. பெரியம்மாவுக்குக் கடலைமாவும் தயிரும்தான் சரி. மரமஞ்சளை உரைச்சுப் போடு எண்டு ஒராள், தேசிக்காய்ப் புளியைத் தேய் எண்டு இன்னொராள். இரண்டு கிழமையாகியும் புள்ளி அப்படியே இருந்தால், கூடப் படிக்கிற ஒருத்தி பெயரே கேள்விப்படாத ஒரு சின்ன டப்பாவைத் தருவாள். "இதைப் போட்டுப் பாரன், ஒரு கிழமையில பளிச்செண்டு வரும்."

பெடியள் மட்டும் இதுக்கு விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். அவையளும் பூசினம், வெளியில சொல்லுறதில்லை.

பளிச்செண்டு வரும் என்பது உண்மைதான், பல நேரம் வரத்தான் செய்யும். ஆனால் என்ன வரும்? புள்ளி போகுமா, அல்லது முகம் வெளுக்குமா? இது இரண்டும் வேறு வேறு விஷயம். ஒன்று தோலில் பட்ட காயத்தின் அடையாளம், மற்றது நாங்கள் பிறந்த நிறம். இந்த இரண்டையும் ஒரே டப்பாவுக்குள் அடைத்து வித்த கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பழைய சட்டிகள்

முகப்புள்ளிக்கு மருந்து தேடுவது மிகப் பழைய வேலை. 2000 வருஷங்களுக்கு முந்தி ரோமாபுரியில் இருந்த கவிஞர் ஓவிட், பெண்களின் முகப்பூச்சு பற்றித் தனியாக ஒரு செய்யுள் நூலே எழுதினார். பார்லி மா, முட்டை, தேன், அரைத்த மான்கொம்பு என்று அதில் செய்முறைகள் வரும், முகப்புள்ளிக்கும் மருந்து இருக்கிறது. மான்கொம்பை விட்டுப் பார்த்தால் எங்கட குசினியில இருக்கிற சாமான்தான்.

எங்கட பக்கத்தில் கன்னத்தில் படரும் கருந்திட்டை மங்கு என்கிறோம். ஆயுர்வேதம் அதை வியங்கம் என்று தனி நோயாகவே பெயரிட்டது. குங்குமப்பூ போட்டுக் காய்ச்சும் குங்குமாதி தைலம் அஷ்டாங்க ஹிருதயத்தில் இருக்கிறது. பெயர் வைத்து, நோயாகப் பார்த்து, அதற்கு மருந்து சொன்ன மரபு இது. இந்தப் பூச்சுகள் எல்லாம் வேலை செய்ததா என்பது வேறு கேள்வி. செய்யாவிட்டாலும் பெரும்பாலும் ஆளைக் கொல்லவில்லை.

கொல்லுற பூச்சுகளும் இருந்தன. 16ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பியப் பணக்காரர்கள் வெள்ளை ஈயத்தை முகத்தில் பூசினார்கள். அம்மைத் தழும்பை மூடுவதற்கு அது நல்ல வசதி. ஈயம் தோலைக் கெடுக்கும், கெட்ட தோலை மறைக்க இன்னும் கொஞ்சம் ஈயம் பூச வேண்டி வரும். அயர்லாந்தின் பேரழகி என்று பெயரெடுத்த மரியா கன்னிங் 1760இல், 30 வயதாகுமுன் இறந்துபோனார். ஈயப் பூச்சுதான் காரணம் என்று இன்றுவரை சொல்லப்படுகிறது. அமெரிக்காவில் 1902ஆம் ஆண்டின் சியர்ஸ் தபால் விலைப்பட்டியலைப் புரட்டினால், முகப்பொலிவுக்குச் சாப்பிடும் ஆர்செனிக் வில்லைகளும் விற்பனைக்கு இருக்கும். ஆர்செனிக் என்றால் பாஷாணம்.

ஒரே கிறீம், இரண்டு விளம்பரம்

மேல்தோலின் அடிப்பகுதியில் மெலனோசைட் என்ற கலங்கள் இருக்கின்றன. அவைதான் மெலனின் என்ற நிறப்பொருளைச் செய்கின்றன. அந்த வேலைக்கு டைரோசினேஸ் என்ற நொதியம் தேவை. பரு, கீறல், நுளம்புக்கடி எது வந்து தோல் அழன்றாலும் அந்த இடத்தில் மெலனின் கூடுதலாகக் கொட்டும். அதுதான் கறுத்த அடையாளம். எங்களைப் போன்ற மண்ணிறத் தோலில் அது இன்னும் எடுப்பாகத் தெரியும்.

பாதரச உப்புகள் இந்த டைரோசினேஸைத் தடுக்கும். ஆகவே பாதரசக் கிறீம் உண்மையாகவே வேலை செய்யும், அதுதான் அதன் ஆபத்து. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வெயில்புள்ளிக்கு என்று வித்த பல கிறீம்களில் பாதரசம் இருந்தது. 1920களில் வெயிலில் குளித்துத் தோலைக் கறுக்கவைப்பது வெள்ளையினப் பெண்களுக்கு நாகரிகமாகிவிட்டது. நிறம் வெளுக்கும் என்ற விளம்பரம் கறுப்பினப் பெண்களை நோக்கி இன்னும் பலமாகத் திரும்பியது. ஒருத்திக்குப் புள்ளி போகும் என்று வித்த அதே மருந்து, இன்னொருத்திக்கு நிறம் மாறும் என்று விற்கப்பட்டது. உள்ளே இருந்த சாமான் மாறவில்லை.

ஒரு சோடி றப்பர் கையுறை

அடுத்த மருந்து ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் இருந்து வந்தது. அங்கே வேலை செய்த தொழிலாளர் சிலருக்குக் கையிலும் முன்கையிலும் நிறம் வெளுத்துப் போனது. கையுறை மூடிய இடத்தில்தான் வெளுப்பு. றப்பர் பழுதாகாமல் இருக்கக் கையுறையில் சேர்த்த ஐதரோகுவினோனின் மொனோபென்சைல் ஈதர் என்ற இரசாயனம்தான் காரணம் என்று கண்டுபிடித்து, அமெரிக்க மருத்துவர்கள் 1939இல் அறிக்கை எழுதினார்கள்.

தொழிலாளியின் கையில் அது தொழில்நோய். கண்டுபிடிப்பு கைமாறியதும் அது அழகுக்கான வழியாகிவிட்டது. மொனோபென்சைல் ஈதர் நிறத்தை நிரந்தரமாகவே, திட்டுத்திட்டாக அழித்துவிடும் என்பதால், அதன் சாந்தமான உறவுக்காரனான ஐதரோகுவினோனைப் பிடித்தார்கள். கறுப்பு வெள்ளைப் படம் கழுவுகிறவர்களுக்கு அந்தப் பெயர் முந்தியே பழக்கம். 1960களில் அது கிறீம்களுக்குள் வந்துவிட்டது.

1975

இந்தக் கதையில் 1975 ஒரு விசித்திரமான வருஷம். மூன்று விஷயங்கள் ஒரே வருஷத்தில் நடந்தன.

முதலாவது, அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மனும் வில்லிஸும் ஒரு கலவையை வெளியிட்டார்கள். 5 வீதம் ஐதரோகுவினோன், 0.1 வீதம் ட்ரெட்டினோயின், 0.1 வீதம் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீரொய்ட். கறுப்பினத்தவரின் ஆரோக்கியமான தோலில் தினமும் பூசியபோது 5 முதல் 7 கிழமைக்குள் நிறம் முற்றாகப் போனது, பூசுவதை நிறுத்தியதும் திரும்பி வந்தது. மங்குக்கும் பருவின் அடையாளத்துக்கும் இது நல்ல மருந்து என்றும் எழுதினார்கள். அது பிழையில்லை, இன்றைக்கும் டொக்டர்மார் மங்குக்கு எழுதும் மூன்று மருந்துக் கலவைக்கு இதுதான் தாய். ஆனால் புள்ளிக்கான மருந்தை முதலில் புள்ளியே இல்லாத கறுப்புத் தோலில்தான் அளந்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. இதே கிளிக்மன்தான் 1950களில் இருந்து 1974 வரை பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் கைதிகளின் தோலில் பரிசோதனைகள் நடத்தியவர்.

இரண்டாவது, தென்னாபிரிக்காவில் பின்ட்லே என்ற தோல் மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு புதிய நோயை விவரித்தார்கள். அங்கே கறுப்பினப் பெண்கள் கடும் ஐதரோகுவினோன் கிறீமை வருஷக்கணக்கில் பூசிக்கொண்டு வெயிலில் வேலை செய்தார்கள். அவர்களுடைய கன்னத்தில் நீலக்கறுப்பான, சொரசொரப்பான திட்டுகள் வந்தன. இதை ஓக்ரோனோசிஸ் என்கிறார்கள். வந்தால் போக்குவது மிகக் கஷ்டம். கருமையைப் போக்கப் பூசிய கிறீம், மங்கைவிட மோசமான கருமையைக் கொண்டுவந்து சேர்த்தது. அதை மறைக்க இன்னும் கிறீம் பூசினார்கள். ஈயம் பூசினவர்கள் செய்த அதே வேலை.

மூன்றாவது, இந்தியாவில் ஃபெயார் அண்ட் லவ்லி சந்தைக்கு வந்தது. அதில் பாதரசமும் இல்லை, ஐதரோகுவினோனும் இல்லை. நயாசினமைட் என்ற வைட்டமின் பி3 வகைதான் அதன் மருந்து. ஆனால் வெள்ளையாக இருந்தால் வேலை கிடைக்கும், மாப்பிள்ளை கிடைக்கும் என்று பல வருஷங்களாக விளம்பரம் செய்தது. அந்தப் பெயரில் இருந்த 'ஃபெயார்' 2020இல்தான் 'குளோ' ஆனது. உடம்புக்கு விஷமில்லாத கிறீம்கூட, எங்கட நிறமே ஒரு புள்ளி என்று ஒரு தலைமுறைக்குப் படிப்பித்தது. அந்தப் பாடத்தைப் படித்தவர்கள்தான் மெதுவாக வேலை செய்யும் கிறீமில் அலுத்துப்போய், வேகமான டப்பாவைத் தேடிப் போகிறார்கள்.

தடை செய்தால் எங்கே போகும்?

1972இல் நைரோபி டொக்டர்மார் ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். உடம்பு வீங்கி, சிறுநீரில் புரதம் போய்க்கொண்டிருந்த நோயாளிகளிடம் விசாரித்தபோது, பாதிக்கு மேற்பட்டவர்கள் பாதரசக் கிறீம் பூசியிருந்தார்கள். முகத்தில் பூசியது சிறுநீரகத்துக்குப் போயிருந்தது. 1970களில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் அழகுசாதனங்களில் பாதரசத்தைத் தடை செய்தன. ஆனால் ஐரோப்பாவில் விற்கக்கூடாத பாதரசச் சவர்க்காரத்தை அங்கேயே செய்து ஆபிரிக்காவுக்கு ஏற்றுமதி செய்வது பல வருஷங்கள் தொடர்ந்தது.

தென்னாபிரிக்காவின் கதை வேறு. அங்கே தோல் மருத்துவர்களும் நிறவெறிக்கு எதிராகப் போராடியவர்களும் ஒரே பக்கத்தில் நின்றார்கள். மண்டேலா விடுதலையான அதே 1990இல், அழகுசாதனங்களில் ஐதரோகுவினோனைத் தடை செய்ததோடு நிற்காமல், நிறத்தை வெளுக்கவைக்கும் என்று விளம்பரம் செய்வதையும் தடுத்து விதி வந்தது. மருந்தை மட்டும் தடுத்தால் போதாது, அந்தப் பொய்யையும் தடுக்க வேண்டும் என்று அவர்களுக்கு விளங்கியிருந்தது. கள்ளக் கடத்தல் கிறீம்கள் அங்கே இன்னும் வருகின்றன. ஆனாலும் எது குற்றம் என்பது எழுத்தில் இருக்கிறது.

பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையை இலங்கை 2017இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி 1 பிபிஎம்முக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனங்களுக்கு 2020 தான் கடைசி வருஷம். பிறகு 2023இல் அந்த 1 பிபிஎம் எல்லையையும் எடுத்துவிட்டு, பாதரசம் சேர்த்த எந்த அழகுசாதனமும் 2025க்குப் பிறகு கூடாது என்று முடிவெடுத்தார்கள். கடதாசியில் எல்லாம் சரி. பெயர் தெரியாத டப்பா கடதாசி பார்த்து வருவதில்லை.

எங்கட முகத்துக்கு வருவம்

இவ்வளவையும் சொன்னது பயப்படுத்த இல்லை. புள்ளி போகவேண்டும் என்று ஆசைப்படுவதில் பிழை ஒன்றும் இல்லை. அது காயத்தின் அடையாளம், அதற்கு வைத்தியம் இருக்கிறது. ஆனால் அவசரமான வைத்தியம் இல்லை.

பருவின் அடையாளம் மங்க மாதக்கணக்காகும். முதல் மருந்து வெயிலை மறைப்பது. தினமும் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிறீன், முடிந்தால் குடை, தொப்பி. மங்கு உள்ளவர்களுக்கு இரும்பு ஒக்சைட் சேர்ந்த, தோல் நிறமுள்ள சன்ஸ்கிறீன் கூடுதல் நல்லது. இது இல்லாமல் வேறு எதைப் பூசினாலும், ஓட்டை வாளியில் தண்ணி அள்ளுற வேலைதான்.

அம்மம்மாவின் பாலாடை பெரிதாக ஒன்றும் செய்யாது, கெடுக்கவும் செய்யாது. தேசிக்காய் அப்படியில்லை. அதன் தோலிலும் சாற்றிலும் உள்ள சில பொருட்கள் வெயில் பட்டால் தோலைச் சுட்டுக் கொப்புளம் போடும். பிறகு அந்த இடமே கறுக்கும். தேசிக்காயைச் சாப்பாட்டோட நிப்பாட்டுங்கோ.

வேலை செய்கிற, ஓரளவு சாந்தமான மருந்துகளில் ஒன்று அசெலாயிக் அமிலம். அதன் கதை எங்களுக்குக் கிட்டத்தான் இருக்கிறது. தேமல் வந்த இடம் ஏன் வெளுக்கிறது என்று 1970களில் இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் தேடிப் போனார்கள். தேமலுக்குக் காரணமான பூஞ்சணம் இந்த அமிலத்தைச் செய்கிறது, அது டைரோசினேஸைத் தடுக்கிறது என்று கண்டார்கள். நாங்கள் சட்டைக்குள் ஒளிக்கிற தேமலில் இருந்து ஒரு முக மருந்து வந்தது.

ஐதரோகுவினோனும் மூன்று மருந்துக் கலவையும் டொக்டரின் கையில் குறுகிய காலத்துக்கு நல்ல மருந்துகள். பெயரில்லாத டப்பாவில், எவ்வளவு சேர்த்திருக்கு என்று தெரியாமல், வருஷக்கணக்கில் பூசும்போதுதான் அவை தென்னாபிரிக்காவில் செய்ததைச் செய்யும். சேர்மானம் எழுதாத டப்பா வேண்டாம். எழுதியிருந்தால் கலோமெல், மெர்க்கியூரி, மெர்க்கியூரிக், மெர்க்கியூரஸ் என்ற சொற்கள் இருக்கா என்று பாருங்கோ. பூசின நாட்களில் பளபளத்து, நிறுத்தினவுடன் எரிந்து சிவந்து பருப் பொங்கினால் ஸ்டீரொய்ட் இருந்திருக்கலாம். முகமோ காலோ வீங்கினால், சிறுநீர் நுரைத்துப் போனால், கை நடுங்கினால் நாள் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்.

போகும்போது அந்த டப்பாவையும் கையோட கொண்டு போங்கோ. வெட்கப்பட வேண்டாம். நைரோபியில் டொக்டர்மார் என்ன பூசினீங்கள் என்று கேட்டதாலும், அந்தப் பெண்கள் ஒளிக்காமல் சொன்னதாலும்தான் பாதரசம் பிடிபட்டது.