ஹோம்புஷில் உருவான ஹிரோஷிமா கார்: மாஸ்டாவின் வரலாறும் உரிமையாளர்களின் மதிப்பீடும்

சிட்னியின் மேற்கே, பரமட்டா சாலையை ஒட்டி அமைந்துள்ள ஹோம்புஷ், 2000ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகளால் உலகறிந்த பெயராயிற்று. இலங்கையில் 1983ஆம் ஆண்டு நிகழ்ந்த இன வன்செயல்களுக்குப் பின்னர் ஆஸ்திரேலியாவில் குடியேறிய தமிழர்களுக்கு அது அதற்கும் முன்பே பழக்கமான இடம். ஆனால் அங்கு ஒரு கார் தொழிற்சாலை ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இயங்கியது என்பதை இன்றைய குடியிருப்பாளர்களில் பலரும் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

அமெரிக்காவின் ஃபோர்ட் நிறுவனம் 1936ஆம் ஆண்டு அங்கு அமைத்த ஆலை, 1994ஆம் ஆண்டு மூடப்பட்டது. அதன் கடைசிப் பதின்மூன்று ஆண்டுகளில் அங்கு முக்கியமாகத் தயாரிக்கப்பட்ட கார் ஃபோர்ட் லேசர். முன்புறத்தில் நீல நிற ஃபோர்ட் முத்திரையைத் தாங்கியிருந்த அந்தக் கார், வடிவமைப்பிலும் இயந்திரத்திலும் ஜப்பானின் மாஸ்டா 323 ஆகும். எண்பதுகளில் ஆஸ்திரேலியாவில் அதிகம் விற்பனையான சிறிய கார்களில் ஒன்று அது. தாங்கள் ஒரு ஜப்பானியக் காரை வாங்குகிறோம் என்று எண்ணாமலேயே அதை வாங்கியவர்கள் ஏராளம்.

ஒரு காரின் மீது மக்கள் வைக்கும் நம்பிக்கை உண்மையில் எதன் மீது வைக்கப்படுகிறது, இயந்திரத்தின் மீதா, பெயரின் மீதா, அல்லது விற்ற நிறுவனத்தின் மீதா என்ற கேள்விக்கு மாஸ்டாவின் வரலாற்றைப்போல் விடை தரும் வரலாறுகள் குறைவு.

தக்கையிலிருந்து தொடக்கம்

ஹிரோஷிமா நகரில் 1920ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டோயோ கார்க் கோக்யோ, பெயரே சொல்வதுபோல், தக்கை தயாரிக்கும் நிறுவனம். அடுத்த ஆண்டு அதன் தலைமைப் பொறுப்பை ஏற்ற ஜூஜிரோ மட்சுடா, அதை இயந்திரங்களின் பக்கம் திருப்பினார். 1931ஆம் ஆண்டு மூன்று சக்கரச் சரக்கு வாகனம் வெளிவந்தது. அதற்குச் சூட்டப்பட்ட மாஸ்டா என்ற பெயர், பாரசீகத்தின் பழைய சமயமான சொராஸ்டிரிய நெறியின் கடவுளான அகுரா மாஸ்டாவையும், நிறுவனரின் குடும்பப் பெயரையும் ஒருசேர நினைவூட்டுவது.

1945ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் தேதி ஹிரோஷிமா மீது அணுகுண்டு வீசப்பட்டது. அன்று மட்சுடாவுக்கு எழுபது வயது நிறைவு நாள். நகரின் மையப்பகுதி அழிந்தது. குண்டு வெடித்த இடத்திலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர் தொலைவில் ஃபுச்சூ என்ற ஊரில் இருந்த ஆலை, இடையில் நின்ற ஹிஜியாமா குன்றின் மறைவால் பெரும் சேதமின்றித் தப்பியது. ஊழியர்கள் பலர் உயிரிழந்தனர். கூரையுடன் எஞ்சிய பெரிய கட்டடங்கள் நகரில் அரிதாகிவிட்ட நிலையில், மாகாண அரசின் அலுவலகங்கள் அந்த ஆலைக்குள் சென்று அடுத்த ஆண்டு வரை அங்கிருந்தே இயங்கின. அந்த ஆண்டின் டிசம்பர் மாதத்திலேயே மூன்று சக்கர வாகன உற்பத்தி மீண்டும் தொடங்கியது. சிதைந்த நகரில் பொருட்களை ஏற்றிச் செல்ல இந்த வாகனங்கள் பெரிதும் பயன்பட்டன. ஹிரோஷிமா மக்களுக்கும் இந்த நிறுவனத்துக்கும் இடையிலான பிணைப்பை விற்பனைக் கணக்குகளால் மட்டும் விளக்கிவிட முடியாது என்று சொல்லப்படுவதற்கு இதுவே காரணம்.

முதலாவது பயணிகள் காரான ஆர்360, 1960ஆம் ஆண்டில் வந்தது. அந்தக் காலத்தில் ஜப்பானிய அரசு, சிறிய கார் நிறுவனங்களைப் பெரியவற்றுடன் இணைத்துவிட வேண்டும் என்று எண்ணியது. தனித்து நிற்க ஒரு தனிச்சிறப்பு தேவைப்பட்டது. அதை மாஸ்டா, ஜெர்மனியின் என்எஸ்யூ நிறுவனத்திடமிருந்து உரிமம் பெற்ற சுழல் இயந்திரத்தில் தேடியது. மேலும் கீழும் அசையும் பிஸ்டன்களுக்குப் பதிலாக, முக்கோண வடிவச் சுழலி ஒன்று கூட்டுக்குள் சுற்றும் இயந்திரம் அது. சுழலியின் முனைகள் கூட்டின் உட்சுவரில் கீறல்களை ஏற்படுத்தின. பொறியாளர்கள் அவற்றைப் பிசாசின் நகக்கீறல்கள் என்று அழைத்தார்கள். கெனிச்சி யமமோட்டோ தலைமையிலான 47 பேர் கொண்ட குழு இந்தச் சிக்கலுக்குத் தீர்வு கண்ட பின்னர், 1967ஆம் ஆண்டு காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது.

வெற்றி நீடிக்கவில்லை. சுழல் இயந்திரம் எரிபொருளை அதிகம் குடிப்பது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி, நிறுவனத்தைத் திவாலின் விளிம்புக்குக் கொண்டுவந்தது. சுமிட்டோமோ வங்கி கைகொடுத்தது. ஆட்குறைப்பைத் தவிர்ப்பதற்காக ஆலைத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் விற்பனை நிலையங்களுக்கு அனுப்பப்பட்டு, கார் விற்கும் பணியில் ஈடுபடுத்தப்பட்டனர். மட்சுடா குடும்பம் 1977ஆம் ஆண்டு தலைமைப் பொறுப்பை இழந்தது. 1979ஆம் ஆண்டு ஃபோர்ட் நிறுவனம் சுமார் 25 சதவீதப் பங்குகளை வாங்கியது.

ஒரு கார், இரண்டு பெயர்கள்

ஹோம்புஷ் இந்தக் கதைக்குள் வருவது இங்கேதான். எண்பதுகளின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியா, இறக்குமதிக் கார்களுக்கு 57.5 சதவீதச் சுங்க வரியும், அதற்கு மேல் எண்ணிக்கைக் கட்டுப்பாடும் விதித்திருந்தது. இத்தகைய சூழலில், ஃபோர்ட் நிறுவனம் மாஸ்டாவின் வடிவமைப்பைப் பெற்று உள்நாட்டில் தயாரித்து விற்பது இரு தரப்புக்கும் இலாபகரமானது. 1980ஆம் ஆண்டு ஜப்பானில் அறிமுகமாகி, அந்நாட்டின் ஆண்டின் சிறந்த கார் என்ற விருதை முதன்முதலாகப் பெற்ற மாஸ்டா ஃபமிலியாதான் இதற்கு அடிப்படை. 1981ஆம் ஆண்டு லேசர் ஹோம்புஷ் ஆலையிலிருந்து வெளிவரத் தொடங்கியது. அதே கார் ஜப்பானிலிருந்து இறக்குமதியாகி, மாஸ்டா 323 என்ற பெயரில் வேறொரு விற்பனையகத்தில் நின்றது.

வரிச் சுவர் படிப்படியாகத் தாழ்த்தப்பட்டது. ஜான் பட்டன் தொழில்துறை அமைச்சராக இருந்தபோது வகுக்கப்பட்ட திட்டத்தின்கீழ், எண்ணிக்கைக் கட்டுப்பாடு நீங்கியது. சுங்க வரி 2000ஆம் ஆண்டில் 15 சதவீதமாகவும், 2010ஆம் ஆண்டில் 5 சதவீதமாகவும் குறைந்தது. ஒரு நாட்டில் பல ஆலைகள், ஒவ்வொன்றிலும் குறைந்த எண்ணிக்கையிலான கார்கள் என்ற ஏற்பாடு இதைத் தாங்கவில்லை. நிசான் 1992ஆம் ஆண்டு மெல்பர்ன் ஆலையை மூடியது. ஹோம்புஷ் ஆலை 1994ஆம் ஆண்டில் மூடப்பட்டது. லேசர் அதன்பின் ஜப்பானிலிருந்தே வந்தது. 2016ஆம் ஆண்டு ஃபோர்ட், 2017ஆம் ஆண்டு டொயோட்டா, ஹோல்டன் என எஞ்சியவையும் வெளியேறியதுடன், ஆஸ்திரேலியாவில் பெரும் அளவிலான கார் உற்பத்தி முடிவுக்கு வந்தது.

இதனால் இலாபமடைந்த நிறுவனங்களில் மாஸ்டாவும் ஒன்று என்பது கவனிக்கத்தக்கது. 2011ஆம் ஆண்டு, பதினைந்து ஆண்டுகளாக முதலிடத்தில் இருந்த உள்நாட்டுத் தயாரிப்பான ஹோல்டன் கொமடோரைப் பின்தள்ளி, 41 ஆயிரத்துக்கும் மேல் விற்பனையான மாஸ்டா3 முதலிடத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டும் அந்த இடத்தைத் தக்கவைத்தது. ஃபோர்டுடனான பந்தம் இதற்குள் தளர்ந்துவிட்டிருந்தது. 1996ஆம் ஆண்டு 33.4 சதவீதம் வரை உயர்ந்த ஃபோர்டின் பங்கு, 2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடிக்குப் பின் விற்கப்படத் தொடங்கி, 2015ஆம் ஆண்டுடன் முற்றிலும் இல்லாமற் போனது. 2017ஆம் ஆண்டு முதல் டொயோட்டா, மாஸ்டாவில் சுமார் 5 சதவீதப் பங்கை வைத்திருக்கிறது.

உரிமையாளர்கள் சொல்வது

மாஸ்டா வைத்திருப்பவர்களிடம் பொதுவாகக் கேட்கக்கூடிய பாராட்டு, ஓட்டும் அனுபவம் பற்றியது. திருப்பங்களில் பிடிமானம், துல்லியமான ஸ்டீயரிங், விலைக்கு மீறிய உட்புற வேலைப்பாடு ஆகியவை அடிக்கடி குறிப்பிடப்படுகின்றன. நெடுஞ்சாலையில் டயர்களின் இரைச்சல் உள்ளே கேட்கிறது என்பது நெடுநாளைய குறை. பின் இருக்கை ஒடுக்கம் என்பது குடும்பத்துடன் செல்பவர்களின் குறை. சிறிய தூரங்களுக்கு மட்டும் ஓட்டப்படும் டீசல் வாகனங்களில் புகைத் துகள் வடிகட்டி அடைத்துக்கொள்வது பற்றிய முறைப்பாடுகளும் உண்டு. ஹோம்புஷிலிருந்து ஸ்ட்ராத்ஃபீல்ட் ரயில் நிலையம் வரை சென்று திரும்புவதற்கு டீசல் வாகனம் எதற்கு என்று இயந்திரத் திருத்துநர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பெட்ரோல் இயந்திரங்களுக்கு நற்பெயர் அதிகம்.

தமிழர்களிடையே கார் குறித்த மதிப்பீடு, அவர்கள் விட்டு வந்த நாடுகளின் அனுபவத்தையும் சுமந்து வருகிறது. இலங்கையில் ஜப்பானியக் கார் என்றால் பெரும்பாலும் அந்நாட்டிலேயே ஓடிப் பழகி, பின்னர் இறக்குமதியானது. தயாரித்த நிறுவனத்துக்கும் அதை வாங்கியவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உதிரிப்பாகம் கிடைக்குமா, திரும்ப விற்றால் என்ன விலை போகும் என்பவையே அங்கு அளவுகோல்கள். 2020 முதல் 2025 வரை நீடித்த இறக்குமதித் தடை, பழைய வாகனங்களின் விலையை மேலும் உயர்த்தி இந்த மனப்போக்கை உறுதிப்படுத்தியது. தமிழ்நாட்டில் மாஸ்டா என்றால் கார் நினைவுக்கு வருவதில்லை. எண்பதுகளில் ஜப்பானியக் கூட்டுறவுடன் பஞ்சாபில் தொடங்கப்பட்ட சுவராஜ் மாஸ்டாவின் சிற்றுந்தும் சிறு லாரியுமே நினைவுக்கு வரும். அந்த நிறுவனம் 2011ஆம் ஆண்டு பெயரை மாற்றிக்கொண்ட பின்னரும், பள்ளிக்கூட வண்டியை மாஸ்டா வேன் என்று அழைக்கும் வழக்கம் உடனே மறையவில்லை.

இந்த அளவுகோல்கள் எல்லாம் பயனுள்ளவை. ஆனால் கார் பழுதானால் நிறுவனம் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை அவை சொல்வதில்லை. மாஸ்டாவின் நற்பெயருக்கு ஆஸ்திரேலியாவில் ஏற்பட்ட பெரிய சோதனை அங்கிருந்துதான் வந்தது.

நீதிமன்றத்தில் மாஸ்டா

ஆஸ்திரேலியப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம், 2019ஆம் ஆண்டு மாஸ்டா ஆஸ்திரேலியா நிறுவனத்தின் மீது கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. 2013க்கும் 2017க்கும் இடையில் புதிய கார் வாங்கிய சிலர், மீண்டும் மீண்டும் பெரிய பழுதுகளைச் சந்தித்தனர். ஓடிக்கொண்டிருக்கும்போதே எதிர்பாராமல் வேகம் இழந்த கார்களும், இயந்திரம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை மாற்றப்பட்ட கார்களும் அவற்றுள் அடங்கும். பணத்தைத் திருப்பித் தாருங்கள் அல்லது வேறு கார் தாருங்கள் என்று கேட்டவர்களிடம், மீண்டும் பழுதுபார்ப்பது மட்டுமே வழி என்று சொல்லப்பட்டது. பலமுறை அலைந்த பின்னர், விலையில் ஒரு பகுதி மட்டும் தரப்படும் என்றோ, கணிசமான தொகையைச் செலுத்தினால் மாற்றுக் கார் தரப்படும் என்றோ கூறப்பட்டது.

நீதிமன்றம் 2021ஆம் ஆண்டு வழங்கிய தீர்ப்பில், ஒன்பது வாடிக்கையாளர்களுக்கு அவர்களது உரிமைகள் குறித்துத் தவறான தகவல்களை நிறுவனம் தந்தது உறுதி செய்யப்பட்டது. அதேவேளை, நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை மிக மோசமானது என்று கூறிய நீதிபதி, மனச்சாட்சிக்கு விரோதமான நடத்தை என்ற கடுமையான குற்றச்சாட்டை ஏற்கவில்லை. இரு தரப்பின் மேல்முறையீடுகளும் 2023ஆம் ஆண்டு தள்ளுபடியாயின. 2024ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 1 கோடியே 15 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

ஆண்டுதோறும் பல்லாயிரம் கார்களை விற்கும் நிறுவனத்துக்கு ஒன்பது பேரின் வழக்கு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் பழுதான காருக்குக் கடன் தவணை கட்டிக்கொண்டு, வேலைக்கு வேறு வழியில் செல்ல நேர்ந்தவருக்கு அந்தக் கார் ஒன்றுதான். மாஸ்டா மட்டும் இவ்வாறு சிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பவர்ஷிஃப்ட் கியர்பெட்டிப் பழுது குறித்த முறைப்பாடுகளைக் கையாண்ட விதத்துக்காக, ஃபோர்ட் நிறுவனம் 2018ஆம் ஆண்டு 1 கோடி டாலர் அபராதம் செலுத்த நேர்ந்தது. லேசரின் இரண்டு பெற்றோரும் ஒரே சட்டத்தின் முன் நிற்க வேண்டியிருந்தது.

வாங்குபவருக்கு உள்ள உரிமை

2011ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம், நிறுவனம் தரும் உத்தரவாதத்திலிருந்து வேறான ஓர் உரிமையை வாங்குபவருக்கு அளிக்கிறது. ஐந்து ஆண்டு உத்தரவாதம் என்பது நிறுவனம் தானாக முன்வந்து தருவது. சட்டம் தரும் உறுதிப்பாடு, உத்தரவாதக் காலம் முடிந்த பின்னரும், அந்தப் பொருள் நியாயமாக எவ்வளவு காலம் உழைக்க வேண்டுமோ அவ்வளவு காலம் தொடரக்கூடியது. பெரிய பழுது என்று நிறுவப்பட்டால், பணத்தைத் திரும்பப் பெறுவதா, மாற்றுக் கார் பெறுவதா என்பதைத் தீர்மானிப்பவர் வாங்கியவரே, விற்றவர் அல்லர். முறைப்பாடுகளை எழுத்தில் தருவதும், ஒவ்வொரு பழுதுபார்ப்பின் ஆவணத்தையும் பாதுகாத்து வைப்பதும் இங்கு முக்கியமாகின்றன. தீர்வு கிடைக்காவிட்டால் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் நியாய வர்த்தகத் துறையையும், அதன்பின் மாநிலத் தீர்ப்பாயத்தையும் அணுகலாம்.

தெரிந்தவர் ஒருவரிடமிருந்து நேரடியாகக் கார் வாங்குவது நம் சமூகத்தில் வழக்கமானது. அத்தகைய தனியார் விற்பனைக்குத் தரம் தொடர்பான இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. விற்றவருக்கு அந்தக் கார் சொந்தமானதா, அதன்மீது கடன் உண்டா என்பது போன்றவற்றுக்கு மட்டுமே சட்டம் உறுதி அளிக்கிறது.

மாஸ்டா இப்போது மின்சாரக் கார்களுக்காக மீண்டும் பிறரின் துணையை நாடியுள்ளது. மாஸ்டா 6இ என்ற கார், சீனாவின் சாங்கான் நிறுவனத்தின் தொழில்நுட்ப அடிப்படையில், அந்நாட்டிலேயே தயாரிக்கப்படுகிறது. இத்தகைய கார்களில் பழுது ஏற்பட்டால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு, ஆஸ்திரேலியச் சட்டத்தில் விடை உண்டு. ஆஸ்திரேலியாவில் அலுவலகம் இல்லாத தயாரிப்பாளரின் பொருளை இறக்குமதி செய்பவரும், தன் பெயரை ஒரு பொருளின் மீது பொறிப்பவரும், அதைத் தயாரித்தவராகவே கருதப்படுவர். இந்த விதி எண்பதுகளின் லேசருக்குப் பொருத்திப் பார்க்கப்படுமானால், ஹோம்புஷ்வாசி ஒருவர் தன் முறைப்பாட்டுடன் செல்ல வேண்டிய இடம், ஹிரோஷிமாவில் பிறந்த நிறுவனமாக இராது. நீல முத்திரையைப் பொறித்த நிறுவனமாகவே இருந்திருக்கும்.