புழற்கோட்டமும் முனைவர் பட்டமும்: ஆராய்ச்சிக் கல்வியின் வாயில்கள்

திருவொற்றியூர்க் கோயிற் கல்வெட்டுகளில் ‘புழற்கோட்டம்’ என்னும் பெயர் காணப்படுகிறது. தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களுள் ஒன்றுக்குத் தன் பெயரை ஈந்த புழல், இன்று சென்னை மாநகரின் வடபகுதியில் ஏரியாலும் சிறைச்சாலையாலும் மட்டுமே பலருக்கு அறிமுகமாகியுள்ளது. அவ்வூரிற் பிறந்து, தமிழ்வழியே வரலாற்றில் முதுகலை பயின்ற ஒருவர், தம் ஊரின் பழமையை முனைவர் பட்டத்திற்கு ஆராய விரும்புவாராயின், அவர் கடக்க வேண்டிய வாயில்கள் எவை? அவை எவ்வாறு தோன்றின? இவ்விரு வினாக்களையும் வரலாற்று முறையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1857-இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகம், தன் முதல் அரை நூற்றாண்டில் பெரும்பாலும் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இயங்கிற்று. ஆராய்ச்சி அதன் கடமையாகக் கருதப்படவில்லை. கால்டுவெல் ஐயர் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணம் எந்தப் பட்டத்திற்காகவும் எழுதப்பட்டதன்று. 1914-இல் இந்திய வரலாறு, தொல்லியல் ஆகியவற்றிற்கான பேராசிரியர் பதவி ஏற்பட்டு, அதில் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் அமர்ந்த பின்னரே, ஆராய்ச்சி மாணவர் என்போர் ஒரு வகுப்பினராக உருவாயினர்.

அக்காலத்து ஆராய்ச்சியாளர் இருவரை இங்கு நினைவுகூர்தல் தகும். ஒருவர் சி. மீனாட்சி அம்மையார். சென்னைப் பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் 1929-இல் பட்டம் பெற்ற அவர், காஞ்சிபுரத்தில் மிஷன் பள்ளியொன்றில் ஆசிரியப் பணி செய்துகொண்டே முதுகலை பயின்றார். பின்னர்ப் பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியாரின்கீழ்ப் பல்லவர் ஆட்சியையும் சமுதாய வாழ்வையும் ஆராய்ந்து, 1936-இல் முனைவர் பட்டம் எய்தினார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அப்பட்டம் பெற்ற முதற் பெண்மணி அவரே. மற்றவர் மு. வரதராசனார். தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக வாழ்வைத் தொடங்கிய அவர், தாமே பயின்று 1935-இல் வித்துவான் தேர்விலும், 1939-இல் கீழ்த்திசை மொழி இளங்கலைத் தேர்விலும் தேறினார். பச்சையப்பன் கல்லூரியில் பணியாற்றிக்கொண்டே 1944-இல் அத்துறையின் முதுகலைப் பட்டத்தையும், 1948-இல் தமிழில் முனைவர் பட்டத்தையும் பெற்றார். சென்னைப் பல்கலைக்கழகம் தமிழுக்கு வழங்கிய முதல் முனைவர் பட்டம் அதுவேயாம். ஆயினும், சங்க இலக்கியத்தில் இயற்கையைப் பற்றிய அவ்வாய்வேடு ஆங்கிலத்தில்தான் எழுதப்பட்டது.

இவ்விருவரும் வகுப்பறை வழியாக மட்டும் வந்தவரல்லர். பணி புரிந்துகொண்டே பயின்று, பக்கவாயில் வழியாகவும் ஆராய்ச்சிக்குள் நுழைந்தவர்கள். இதனை வாசகர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

இறையியற் கல்வியின் வரலாறு இதற்கு இணையாக ஓடிய மற்றோர் ஆறாகும். செராம்பூர்க் கல்லூரிக்கு டென்மார்க் மன்னர் ஆறாம் பிரடெரிக் 1827-இல் அளித்த சாசனம், பட்டம் வழங்கும் உரிமையைத் தந்தது. ஆயினும், முதல் இறையியல் இளநிலைப் பட்டங்கள் 1915-இல்தான் வழங்கப்பட்டன. 1918-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமைக்கு ஒழுங்கான நிர்வாகத்தை அமைத்தது. இளநிலை, முதுநிலை, இறையியல் முனைவர் என்னும் படிகள் பின்னர் வளர்ந்தன. உரிமை கிடைப்பதற்கும் அதைப் பயன்படுத்தும் ஆற்றல் வளர்வதற்கும் இடையே எத்துணைக் காலம் செல்லும் என்பதற்கு இவ்வரலாறு சான்று பகரும்.

நாடு முழுமைக்கும் ஒரே நெறி அமைந்தது அண்மைக்காலத்தில்தான். பல்கலைக்கழக மானியக்குழு 2009-இல் வெளியிட்ட விதிகள், நுழைவுத் தேர்வையும் நேர்காணலையும் ஆய்வுமுறைப் பாடங்களையும் கட்டாயமாக்கின. அவற்றின் இடத்தில் 2016-இலும், பின்னர் 2022 நவம்பரிலும் புதிய விதிகள் வந்தன. இன்றைய நிலை வருமாறு: முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், வசதி மிகுந்தோர் நீங்கலான பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் முதலியோர்க்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. நான்காண்டு இளங்கலை பயின்றோர் 75 விழுக்காடு பெற்றிருப்பின் நேரே சேரலாம். சேர்ந்தபின் குறைந்தது 12 மதிப்பலகுகள் கொண்ட பாடங்களைப் பயில வேண்டும். ஆய்வுக்காலம் குறைந்தது 3 ஆண்டுகள். மறுபதிவுக்கு முன் மிகுதியாக 6 ஆண்டுகள். ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின்முன் தம் முன்னேற்றத்தை எடுத்துரைத்தல் வேண்டும். இறுதியில், வெளியிலிருந்து குறைந்தது இரு தேர்வாளர்கள் ஆய்வேட்டை மதிப்பிட்டபின் வாய்மொழித் தேர்வு நிகழும்.

இவ்விதிகளில் நன்மை இல்லாமலில்லை. பணியிலிருப்போர் பகுதிநேரமாகப் பயிலலாம் என்பது விதியாகவே எழுதப்பட்டது. பெண்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பும், கூடுதலாக ஈராண்டுக் கால நீட்டிப்பும் உண்டு. ஆனால் 2022-ஆம் ஆண்டு விதிகள் எம்.பில். படிப்பை நிறுத்திவிட்டன. முதுகலைக்கும் முனைவர் பட்டத்திற்கும் இடையில், ஓர் ஆண்டில் சிறு ஆய்வேடு ஒன்றை எழுதிப் பழகும் படியாக அது பலருக்கு உதவியது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி கண்டவர்க்கு அப்படியின் இழப்பு பெரிதாகும்.

இதனினும் கூர்ந்து நோக்கத்தக்கது மற்றொன்று. 2024–25 முதல், தனி நுழைவுத் தேர்வுக்குப் பதிலாக நெட் தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டே பல்கலைக்கழகங்கள் மாணவரைச் சேர்க்கலாம் என மானியக்குழு அறிவித்தது. மொழிப் பாடங்கள் நீங்கலாக, அத்தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே அமைகிறது. 1948-இல் தமிழைப் பற்றிய ஆய்வேடும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. இன்று தமிழாய்வேடுகள் தமிழிலேயே எழுதப்படுகின்றன. ஆனால் வரலாற்றைத் தமிழில் பயின்ற புழல் மாணவர், ஆராய்ச்சிக்குள் நுழைவதற்கே வேற்றுமொழி வினாத்தாளை எதிர்கொள்ள வேண்டியுள்ளது. தடை மறைந்துவிடவில்லை, முடிவிலிருந்து தொடக்கத்திற்கு இடம் பெயர்ந்துள்ளது.

இத்தனைக்கும் அவர் ஆராயவேண்டிய மூலங்கள் அவருக்கு மிக அண்மையிலேயே உள்ளன. கல்வெட்டுகள் திருவொற்றியூரில், குறும்பர் கோட்டையைப் பற்றிய மரபுச் செய்திகள், சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தின் மெக்கன்சி தொகுப்பில், வருவாய் ஆவணங்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில், பழமையான ஆதிநாதர் சமணக் கோயில் புழலிலேயே. அக்கல்வெட்டுகளைத் தமிழில் படிக்க வல்லவரே அவ்வாய்வுக்கு முதன்மையாகத் தகுதியுடையவர் அல்லரோ?

தகுதியை அளத்தல் வேண்டும் என்பதை யாரும் மறுக்கவில்லை. அளவுகோலற்ற பட்டம் மதிப்பிழக்கும். ஆனால் அளவுகோல், ஆராய்ச்சிக்கு வேண்டிய ஆற்றலை அளக்க வேண்டும். பிறந்த இடத்தையும் பயின்ற மொழியையும் அளக்கலாகாது. பள்ளியில் கற்பித்துக்கொண்டே பல்லவரை அணுகிய மீனாட்சியும், அலுவலக மேசையிலிருந்து சங்க இலக்கியத்திற்கு வந்த வரதராசனாரும், இன்றைய வாயிலில் நின்றிருந்தால் உள்ளே வந்திருப்பார்களா? விதிகளை இயற்றுவோரும், மாணவரை வழிநடத்தும் ஆசிரியராகிய நாமும், இவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது.