மார்பகப் படிமவியல் சிறப்புப் பயிற்சியின் வரலாறு

மார்பகப் படிமவியல் ஃபெலோஷிப் என்பது, கதிரியல் துறையில் மேற்படிப்பை முடித்த மருத்துவர் ஒருவர், மார்பக நோய்களைப் படங்களின் வழியே கண்டறிவதற்காக மேற்கொண்டு பெறும் சிறப்புப் பயிற்சி ஆகும். அமெரிக்காவில் இப்பயிற்சி வழக்கமாக ஓராண்டுக் காலம் நடைபெறுகிறது. மேமோகிராம் எனப்படும் மார்பக எக்ஸ் கதிர்ப் படம், அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ. ஆகியவற்றை ஆராய்ந்து முடிவு கூறுதலும், ஊசி மூலம் திசு எடுத்தலும் இதன் முதன்மைப் பாடங்கள். மார்பகத்தைப் படம் எடுக்கும் முறை 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தோன்றிவிட்டது. அந்தப் படத்தைச் சரியாகப் படிக்கத் தெரிந்த மருத்துவர்களை முறையாக உருவாக்கும் ஏற்பாடு பல பத்தாண்டுகள் கழித்தே வந்தது. இந்தத் தாமதத்துக்கான காரணங்களையும், அது எவ்வாறு ஈடு செய்யப்பட்டது என்பதையும் அமெரிக்க வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

தொடக்க கால முயற்சிகள்

1895 ஆம் ஆண்டில் ஜெர்மனியில் வில்லெம் ரான்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். பெர்லின் நகரின் அறுவை மருத்துவர் ஆல்பர்ட் சாலமன், அறுவையில் அகற்றப்பட்ட சுமார் 3,000 மார்பகங்களை எக்ஸ் கதிர்ப் படம் எடுத்து ஆராய்ந்து, 1913 ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரைச் சேர்ந்த ஸ்டாஃபோர்ட் வாரன், சிகிச்சைக்கு வந்த பெண்களுக்கே இத்தகைய படம் எடுத்து 1930 இல் கட்டுரை எழுதினார். உருகுவே நாட்டின் ராவுல் லெபோர்ன், மார்பகத்தை அழுத்திப் பிடித்துப் படம் எடுத்தால் தெளிவு கூடும் என்பதையும், மிக நுண்ணிய சுண்ணப் படிவுகள் புற்றுநோயின் அடையாளமாக இருக்கலாம் என்பதையும் 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எடுத்துரைத்தார்.

இவ்வளவு நடந்தும் மேமோகிராம் பரவவில்லை. எலும்பு முறிவைப் படத்தில் காண்பது எளிது. எலும்பு வெண்மையாகவும் சுற்றியுள்ள தசை கருமையாகவும் தெரியும். மார்பகமோ முழுவதும் மென்திசுக்களால் ஆனது. சுரப்பித் திசுவும் புற்றுக்கட்டியும் எக்ஸ் கதிரை ஏறத்தாழ ஒரே அளவில் உறிஞ்சுவதால் இரண்டுமே படத்தில் வெண்மையாகத் தெரிகின்றன. குறிப்பாக, இளம் பெண்களின் அடர்ந்த மார்பகத்தில் கட்டியைப் பிரித்தறிவது கடினம். எனவே நல்ல படமும் வேண்டும். பழகிய கண்ணும் வேண்டும்.

கற்பிக்க முடியுமா என்ற சோதனை

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மருத்துவமனையில் பணியாற்றிய ராபர்ட் ஈகன் 1956 இல் இத்துறையில் ஆய்வைத் தொடங்கினார். குறைந்த மின்னழுத்தத்தையும், நுண்விவரங்களைப் பதிவு செய்யும் தொழிலக ஃபிலிமையும் பயன்படுத்தி அவர் தெளிவான படங்களைப் பெற்றார். முதல் 1,000 பரிசோதனைகளின் முடிவுகளை 1960 இல் வெளியிட்டார். அம்முடிவுகள் மிகச் சிறப்பாக இருந்ததால் ஓர் ஐயம் எழுந்தது. இந்த வெற்றி முறையினுடையதா, அல்லது ஈகன் என்ற தனிமனிதரின் திறமையா என்று மருத்துவ உலகம் கேட்டது.

இதற்கு விடை காண ஒரு கூட்டு ஆய்வு நடத்தப்பட்டது. 24 மருத்துவ நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் ஈகனின் முறையைக் கற்றுக்கொண்டு, தத்தம் ஊர்களில் அதைச் செய்து பார்த்தனர். அந்த முறையை மற்றவர்களும் கற்றுப் பயன்படுத்த முடியும் என்று 1965 இல் வெளியான முடிவுகள் காட்டின. மார்பகப் படத்தைப் படிப்பது கற்பிக்கக்கூடிய திறன் என்பது அப்போது நிறுவப்பட்டது. பின்னாளில் வந்த பயிற்சிகள் அனைத்துக்கும் இதுவே அடித்தளம்.

பெருகிய தேவை

1963 டிசம்பரில் நியூயார்க்கில், ஹெல்த் இன்சூரன்ஸ் பிளான் என்ற காப்பீட்டு அமைப்பில் இருந்த 40 முதல் 64 வயது வரையிலான சுமார் 62,000 பெண்களைக் கொண்டு பெரிய ஆய்வு ஒன்று தொடங்கியது. கதிரியல் மருத்துவர் பிலிப் ஸ்ட்ராக்ஸ், புள்ளியியலாளர் சாம் ஷபீரோ, அறுவை மருத்துவர் லூயிஸ் வெனெட் ஆகியோர் இதை நடத்தினர். மேமோகிராமும் மருத்துவரின் கைப் பரிசோதனையும் செய்துகொள்ள அழைக்கப்பட்ட பிரிவில், மார்பகப் புற்றுநோயால் ஏற்படும் இறப்பு சுமார் 30 விழுக்காடு குறைந்தது. 1973 முதல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும் தேசியப் புற்றுநோய் நிறுவனமும் இணைந்து 29 மையங்களில் சுமார் 2,80,000 பெண்களைப் பரிசோதித்தன. 1974 இல் அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்ட் தமக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை நடந்ததை வெளிப்படையாக அறிவித்தபின் பரிசோதனைக்கு வரும் பெண்களின் எண்ணிக்கை உயர்ந்தது.

சுவீடனில் லாஸ்லோ தபார் தலைமையில் 1977 இல் தொடங்கிய இரு மாவட்ட ஆய்வு, இறப்பு 31 விழுக்காடு குறைந்ததாக 1985 இல் அறிவித்தது. தபார் சிறந்த ஆசிரியராகவும் விளங்கினார். பல நாடுகளின் கதிரியல் மருத்துவர்கள் அவருடைய வகுப்புகளிலும், பீட்டர் டீனுடன் இணைந்து அவர் எழுதிய படத்தொகுப்பு நூலிலும் பாடம் கற்றனர்.

ஆனால் குறுகிய கால வகுப்புகள் மட்டும் தேவையை நிறைவு செய்யவில்லை. எலும்பு, நுரையீரல், வயிறு எனப் பலவகைப் படங்களைப் பார்க்கும் பொதுக் கதிரியல் மருத்துவர்களே பெரும்பாலான மேமோகிராம்களையும் பார்த்து வந்தனர்.

ஒரே படம், வெவ்வேறு முடிவுகள்

இதன் விளைவை 1994 இல் வெளியான ஓர் ஆய்வு வெளிப்படுத்தியது. ஜோன் எல்மோரும் அவருடைய குழுவினரும் 150 பெண்களின் படங்களை 10 கதிரியல் மருத்துவர்களிடம் தனித்தனியே கொடுத்தனர். புற்றுநோய் உள்ள பெண்களில் உடனடியாக மேல் பரிசோதனை வேண்டும் என்று பரிந்துரைக்கப்பட்டோரின் அளவு, மருத்துவருக்கு மருத்துவர் 74 முதல் 96 விழுக்காடு வரை வேறுபட்டது. புற்றுநோய் இல்லாத பெண்களில் இதே பரிந்துரை 11 முதல் 65 விழுக்காடு வரை இருந்தது. நோய் தவறவிடப்பட்டால் உயிருக்கே ஆபத்து. இல்லாத நோய்க்கு ஐயம் எழுப்பப்பட்டால் அச்சமும் செலவும் தேவையற்ற திசு ஆய்வும் நேரும். ஒரு பெண்ணுக்கு இவற்றில் எது நேரும் என்பது, அவருடைய படம் யார் கைக்குச் செல்கிறது என்பதையும் பொறுத்திருந்தது.

சிறப்புப் பயிற்சியின் பயனை எட்வர்ட் சிக்கிள்ஸ் குழுவினர் 2002 இல் எண்களால் காட்டினர். பரிசோதனைக்கு வந்த 1,000 பேரில் மார்பகப் படிமவியல் வல்லுநர்கள் 6.0 புற்றுநோய்களையும், பொதுக் கதிரியல் மருத்துவர்கள் 3.4 புற்றுநோய்களையும் கண்டறிந்தனர். மேல் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டோர் வல்லுநர்களிடம் 4.9 விழுக்காடு; மற்றவர்களிடம் 7.1 விழுக்காடு. அதாவது, வல்லுநர்கள் குறைவான பெண்களை அழைத்து, கூடுதலான நோயைக் கண்டுபிடித்தனர்.

சட்டமும் பாடத்திட்டமும்

1985 இல் மார்பகப் படிமவியல் சங்கம் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 1987 இல் மேமோகிராம் நிலையங்களுக்குத் தரச்சான்று வழங்கத் தொடங்கியது. முடிவுகளை ஒரே சொற்களில், எண்ணிட்ட வகைகளாக எழுதுவதற்குரிய 'பைராட்ஸ்' முறையை 1993 இல் வெளியிட்டது. மேமோகிராம் தரச் சட்டம் 1992 இல் நிறைவேறி, 1994 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன் விதிகளின்படி, மேமோகிராம் படிக்கும் மருத்துவர் 60 மணி நேரப் பாடம் கற்றிருக்க வேண்டும். மேற்பார்வையில் 240 படங்களைப் பார்த்திருக்க வேண்டும். பின்னரும் 24 மாதங்களுக்கு 960 படங்கள் என்ற அளவில் தொடர்ந்து பார்த்து வர வேண்டும்.

இவை குறைந்த அளவுத் தகுதிகள் மட்டுமே. அதற்கு மேற்பட்ட ஆழ்ந்த பயிற்சியை ஃபெலோஷிப் வழங்குகிறது. இதற்கான பாடத்திட்டத்தை மார்பகப் படிமவியல் சங்கம் 2000 இல் வெளியிட்டது. 2013 இல் அது புதுப்பிக்கப்பட்டது.

1990 இல் ஸ்டீவ் பார்க்கர் குழுவினர், எக்ஸ் கதிர் வழிகாட்டலுடன் தடித்த ஊசியால் மார்பகத் திசுவை எடுக்கும் முறையை வெளியிட்டது பயிற்சியின் தன்மையையே மாற்றியது. அதற்குமுன், கைக்குத் தட்டுப்படாத கட்டியை ஆராயப் பெரும்பாலும் அறுவை தேவைப்பட்டது. இப்போது கதிரியல் மருத்துவரே ஊசியைக் கையாள்கிறார். எடுத்த திசுவின் முடிவு படத்தில் கண்டதோடு பொருந்துகிறதா என்று ஒப்பிடுவதும் அவர் பொறுப்பு. படத்தில் புற்றுநோய்க்கான அறிகுறிகள் வலுவாக இருந்து, திசு முடிவு 'சாதாரணம்' என்று வந்தால், ஊசி சரியான இடத்தைத் தொடவில்லையோ என்று ஐயுற வேண்டும். நோயாளியிடம் முடிவைப் பக்குவமாக எடுத்துச் சொல்வதும் பயிற்சியில் அடங்கும்.

ஆள் பற்றாக்குறை

பயிற்சி முறைப்பட்ட காலத்திலேயே அதை நாடுவோர் குறைந்தனர். லாரன்ஸ் பாசெட் குழுவினர் 2003 இல் வெளியிட்ட ஆய்வின்படி, கதிரியல் மாணவர்களில் பெரும்பாலோர் இந்த ஃபெலோஷிப்பில் சேர விரும்பவில்லை. வழக்குகளைப் பற்றிய அச்சம், மன அழுத்தம், துறையில் ஆர்வமின்மை ஆகியவை காரணங்களாகக் கூறப்பட்டன. புற்றுநோயைத் தவறவிட்டதாகத் தொடுக்கப்படும் வழக்குகள் அமெரிக்கக் கதிரியல் மருத்துவர்களை நெடுங்காலமாகவே அச்சுறுத்தி வருபவை. மார்பகப் படிமவியலின் தரம் குறித்து 2005 இல் அந்நாட்டு மருத்துவ நிறுவனம் வெளியிட்ட அறிக்கையும் ஆள் பற்றாக்குறையைச் சுட்டிக்காட்டியது.

புதிய கருவிகள்

அமெரிக்காவில் டிஜிட்டல் மேமோகிராம் 2000 இலும், பல கோணங்களிலிருந்து எடுத்து அடுக்கடுக்காகக் காட்டும் டோமோசிந்தசிஸ் 2011 இலும் ஒப்புதல் பெற்றன. இத்தகைய புதிய முறையைப் பயன்படுத்துமுன் மருத்துவர் அதில் 8 மணி நேரப் பயிற்சி பெற வேண்டும் என்பது விதி.

சுவீடனில் 80,000-க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வின் முதற்கட்ட முடிவு 2023 இல் வெளியானது. செயற்கை நுண்ணறிவின் துணையால் மருத்துவர்களின் படம் படிக்கும் வேலை 44 விழுக்காடு குறைந்தது; கண்டறியப்பட்ட புற்றுநோய்களின் எண்ணிக்கை குறையவில்லை. எனினும், அந்த ஆய்விலும் பெண்ணை மேல் பரிசோதனைக்கு அழைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்தவர்கள் கதிரியல் மருத்துவர்களே. கணினி ஐயத்துக்குரியது என்று சுட்டும் இடத்தை ஏற்கவோ மறுக்கவோ, அவர்களுக்கும் பயிற்சி பெற்ற கண் தேவைப்படுகிறது.