திரிபோஷாவை யார் சோதிப்பது?

1973, 74இல் நாடு முழுக்க அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு. கூப்பனுக்குக் கிடைத்த அளவு குறைந்தது. காணியோ வயலோ இல்லாத தோட்டத்து மக்கள்தான் அதிகம் அடிபட்டார்கள். லயங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. பல குடும்பங்கள் மலையை விட்டு வன்னிக்கு இறங்கின. ‘சிறிமா காலத்துப் பஞ்சம்’ என்று நம்ம பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

அதே 1973இல்தான் கெயார் நிறுவனத்தோடும் அமெரிக்க உதவியோடும் திரிபோஷா திட்டம் தொடங்கியது. சோளம், சோயா, பால்மா, கூடவே விட்டமின்களும் கனிமங்களும். சக்தி, புரதம், நுண்சத்து என்று மூன்று போஷணை இருப்பதால் அந்தப் பெயர். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், எடை குறைந்த பிள்ளைகள் ஆகியோருக்கு கிளினிக்கில் இலவசமாகக் கொடுக்கிறார்கள்.

டயகம மாதிரியான தோட்டங்களில் இது ஏன் பெரிய விஷயம்? 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் நாட்டளவில் சுமார் 17 சதவீதம். தோட்டங்களில் சுமார் 32. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு!

இனி, சோளத்தின் கதைக்கு வருவோம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் திடீரென்று செத்தன. தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அந்தப் பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சுக்குத்தான் பிறகு அஃப்ளடொக்சின் என்று பெயர் வைத்தார்கள். அது ஈரலில் புற்றுநோய் உண்டாக்கும். சரியாகக் காயாத சோளத்திலும் வரும். சாதாரணமாகச் சமைத்தாலும் முழுசாக அழியாது. மணந்து பார்த்தோ ருசி பார்த்தோ நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆய்வுகூடம்தான் சொல்லவேண்டும்.

2022 செப்டெம்பரில், உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்ட அதே மாதத்தில், திரிபோஷாவில் இந்த நஞ்சு அளவுக்கு மீறி இருப்பதாக பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சங்கத் தலைவர் உபுல் ரோஹண பகிரங்கமாகச் சொன்னார். சுகாதாரத் தரப்பு மறுத்தது. தரத்துக்கேற்ற சோளம் கிடைக்காமல், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான பிள்ளைகளுக்கான உற்பத்தியும் தடைப்பட்டது.

இரண்டு பக்கத்திலும் நஷ்டம் நம்ம பிள்ளைகளுக்குத்தான். மா வந்தால் பயம், வராவிட்டால் பசி.

யார் சொன்னது சரி என்பதை விட, ஒரு தாய் அதை எப்படித் தெரிந்துகொள்வாள் என்பதே நமது கேள்வி. திரிபோஷாவைத் தயாரிப்பது சுகாதார அமைச்சின் கீழுள்ள நிறுவனம். விநியோகிப்பது அதே அமைச்சின் கிளினிக்குகள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டப்படி பிரதான உணவு அதிகாரியும் சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகமே. யாரும் பொய் சொல்கிறார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் செய்பவரும் கொடுப்பவரும் பரிசோதிப்பவரும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தால், உண்மை சொன்னாலும் சந்தேகம் போகாது.

ஜிம்முக்குப் போகிறவர் புரதப் பவுடரில் நம்பிக்கை இல்லாவிட்டால் வேறு பிராண்ட் வாங்குவார். கிளினிக்கில் வரிசையில் நிற்கும் தாய்க்கு அந்தத் தெரிவு கிடையாது. அதனால் இலவச உணவுக்குத்தான் கடுமையான சோதனை வேண்டும்.

எங்கள் கோரிக்கை சின்னது. அமைச்சுக்கு வெளியே உள்ள ஆய்வுகூடம் ஒவ்வொரு தொகுதியையும் சோதிக்கட்டும். முடிவைத் தமிழிலும் எழுதி கிளினிக் சுவரில் ஒட்டட்டும். தராமல் நிறுத்தினால், ஏன் நிறுத்தினோம், பதிலுக்கு என்ன தருகிறோம் என்பதையும் எழுதட்டும்.