செல்ஃப் எடுக்காத வண்டியின் வரலாறு

ஆங்கிலத்தில் வேறொரு சொல்லுக்கு முன்னொட்டாக நின்று 'தன்', 'தானே' என்று பொருள்தரும் 'செல்ஃப்', தமிழகத்து இருசக்கர வாகனப் பட்டறைகளில் முழுப் பெயர்ச்சொல்லாகிவிட்டது. "செல்ஃப் எடுக்கவில்லை", "செல்ஃப் போய்விட்டது" என்றெல்லாம் அங்கே பேசப்படுவதைக் கேட்கும் தத்துவ மாணவர் ஒருவர் சற்றே திடுக்கிடக்கூடும். 'தானே கிளப்பி' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் பின்பாதியை உதிர்த்துவிட்டு முன்பாதியை மட்டும் நாம் வைத்துக்கொண்டோம். ஆனால் அப்பெயரில் ஒரு பொய் உண்டு. எந்த வண்டியும் தானே கிளம்புவதில்லை. நேற்றைய ஓட்டத்தில் சேமித்துவைத்த மின்சாரத்தைக் கொண்டே இன்று காலை கிளம்புகிறது. சேமித்துவைத்தது பேட்டரி. பெயரில் அதற்கு இடமில்லை. பழுது பார்க்கும்போது நாம் தடுமாறுவதற்கும் இதுவே பெருங்காரணம் என்பது நம் எண்ணம்.

மோட்டார் சைக்கிளின் முதல் தலைமுறை பேட்டரியை நம்பவில்லை. 1859-இல் பிரெஞ்சுக்காரரான காஸ்தோன் பிளாந்தே ஈயத்தகடுகளையும் கந்தக அமிலத்தையும் கொண்டு மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க கலத்தை ஆக்கியிருந்தார். 1881-இல் கமீல் ஃபோர் அத்தகடுகளின்மேல் ஈயக் குழம்பைப் பூசி அதன் கொள்ளளவைக் கூட்டினார். எனினும் குண்டும் குழியுமான சாலையில் குலுங்கும் ஒரு வண்டியில் அமிலக் கண்ணாடியைச் சுமந்துசெல்ல யார் விரும்புவர்? 1902-இல் ஜெர்மனியின் போஷ் நிறுவனத்தில் காட்லோப் ஹோனோல்டு உயரழுத்த மேக்னட்டோவை ஆக்கியளித்தபோது அந்தக் கவலை நீங்கிற்று. காந்தமும் கம்பிச்சுருளும் சுழலும்போதே பொறி பிறக்கும், சேமிப்பு தேவையில்லை. விளக்குக்குக் கார்பைடு வாயு, கிளப்புவதற்குக் கால். வண்டி கிளம்பவில்லையெனில் பொறியையும் எண்ணெயையும் பார்த்தால் போதும். மின்சாரக் கோளாறு என்பது ஏறத்தாழ ஸ்பார்க் பிளக் ஒன்றோடு முடிந்துவிட்ட காலம் அது.

இந்த அமைதியைக் குலைத்தது கார். அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் அதற்குமுன் கடைகளின் பணப்பதிவு இயந்திரத்திற்கு மின்மோட்டார் அமைத்தவர். அந்த மோட்டார் நாளெல்லாம் ஓட வேண்டியதில்லை. இழுப்பறை திறக்கும் கணத்தில் மட்டும் பலமாக உழைத்து ஓய்ந்தால் போதும். இதே எண்ணத்தை அவர் காரின் எஞ்சினுக்குக் கொண்டுசென்றார். சில நொடிகள் மட்டுமே என்றால் ஒரு சிறிய மோட்டாரின்மேல் அதன் தகுதிக்கு மீறிய சுமையை ஏற்றலாம். சூடேறுவதற்குள் வேலை முடிந்துவிடும். 1912-ஆம் ஆண்டுக்கான காடிலாக் கார்கள் இவ்வமைப்போடு வெளிவந்தன. பொத்தானை ஐந்து நொடிக்குமேல் அழுத்தாதீர், இடையில் சிறிது ஓய்வு கொடுங்கள் என்று இன்றைய கையேடுகள் சொல்வதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. அந்த மோட்டார் பிறக்கும்போதே மூச்சுப்பிடித்து உழைக்கும் கணக்கில் பிறந்தது.

காரில் வென்றது இரண்டு ஆண்டுகளில் மோட்டார் சைக்கிளில் தோற்றது. நாம் சற்றே நின்று பார்க்கவேண்டிய இடம் இது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இந்தியன் என்ற பெயரில் வண்டி செய்துவந்த நிறுவனம், தன் நிறுவனரான ஜார்ஜ் ஹெண்டியின் பெயரால் 1914-இல் ஹெண்டி ஸ்பெஷல் என்ற வண்டியை வெளியிட்டது. ஏறத்தாழ 1000 சி.சி. கொண்ட இரட்டை உருளை எஞ்சின்; மின்விளக்கு; எஞ்சினோடு பிணைந்த மின்கிளப்பி. அதே மோட்டார் கிளப்பியபின் டைனமோவாக மாறி மின்னேற்றமும் செய்யும். இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் அதற்குத் துணை. எண்ணத்தில் எந்தக் குறையும் இல்லை. இன்றைய சில ஸ்கூட்டர்களில் ஒரே இயந்திரம் கிளப்பியாகவும் மின்னாக்கியாகவும் இருப்பதைப் பார்க்கிறோமே, அதே எண்ணம்தான். ஆயினும் அவ்வாண்டோடு அவ்வண்டி கைவிடப்பட்டது. குறை மோட்டாரில் இல்லை, பேட்டரியில் இருந்தது. மோட்டார் கேட்ட மின்னோட்டத்தை அக்காலத்துச் சிறு பேட்டரிகளால் தாங்கி வழங்க இயலவில்லை. காரில் பெரிய, கனத்த பேட்டரியை வைக்க இடமுண்டு. இரண்டு சக்கரத்தின் நடுவே எங்கே வைப்பது?

ஹெண்டி ஸ்பெஷலின் தோல்வியை ஒரு வேடிக்கைச் செய்தியாகவே வாகன வரலாறுகள் பெரும்பாலும் கடந்துசெல்கின்றன. அது சரியன்று. இன்று நம் வாசலில் செல்ஃப் எடுக்காமல் நிற்கும் 110 சி.சி. ஸ்கூட்டரின் நோயும் அதுவே. அதன் பேட்டரியின் கொள்ளளவு 3 முதல் 5 ஆம்பியர்-மணிதான். ஆறு கலங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட், ஓய்ந்திருக்கும்போது முழு மின்னேற்றத்தில் 12.6 அல்லது 12.7. இது 12 வோல்ட்டுக்கு இறங்கினால் பேட்டரி ஏறத்தாழ வெறுமையாகிவிட்டது என்று பொருள். 10.5 வோல்ட்டில் பிடிவாதமாக நின்றால் ஒரு கலம் மாண்டது எனக் கொள்ளலாம். ஆனால் ஓய்வில் 12.6 காட்டும் பேட்டரியும் பொய் சொல்லக்கூடும். பொத்தானை அழுத்தியவாறே பார்க்கவேண்டும். 10 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால், அது உண்ணவும் உறங்கவும் வல்ல, உழைக்க மட்டும் மாட்டாத உடம்பு. பயன்படாமல் கிடக்கும் ஈயத்தகட்டின்மேல் சல்பேட்டுப் படிகங்கள் இறுகுவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். 1914-லும் அவ்வேதியியல்தான், இன்றும் அதுதான்.

"விளக்கு நன்றாக எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, ஆகவே பேட்டரியில் குறையில்லை" என்று வண்டிக்காரர் சொல்வதைக் கேட்கிறோம். 1827-இல் ஓம் வெளியிட்ட விதியை இங்கே நினைவூட்டலாம். பேட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும் களிம்பு 0.05 ஓம் தடையை உண்டாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 35 வாட் விளக்கு இழுப்பது 3 ஆம்பியர். அத்தடையில் அது இழப்பது 0.15 வோல்ட். கண்ணுக்குத் தெரியாது. கிளப்பி மோட்டார் 60 ஆம்பியரை இழுக்க முயன்றால் அதே களிம்பில் 3 வோல்ட் தொலைகிறது. மோட்டார் முனகி நிற்கிறது. விளக்கு சொன்னது பொய்யன்று, ஆனால் அதனிடம் கேட்ட கேள்வி வேறு. சட்டகத்தோடு எர்த் கம்பி இணையும் திருகிலும் இதே கள்ளன் ஒளிந்திருப்பான். இரண்டு முனைகளையும் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து இறுக்கிப் பூட்டும் ஐந்து நிமிட வேலை பல பேட்டரிகளுக்கு ஆயுள் நீட்டியிருக்கிறது.

ஹெண்டிக்குப் பின் நாற்பது ஆண்டுகளுக்குமேல் மோட்டார் சைக்கிள் உலகம் பெரும்பாலும் காலையே நம்பியது. பேட்டரி மெல்ல உள்ளே வந்தது, ஆனால் விளக்குக்கும் பின்னர்ப் பொறிக்கும் மட்டுமே. 1950-களில் லூகாஸ் மின்னாக்கியோடு வந்த ஆங்கிலேய வண்டிகள் பலவற்றின் சாவித்துளையில் 'எமர்ஜென்சி' என்றொரு நிலை இருந்தது. பேட்டரி செத்துப்போனால் சாவியை அங்கே திருப்பி உதைக்கவேண்டும். மின்னாக்கியின் மின்சாரம் பேட்டரியைத் தவிர்த்துப் பொறிச்சுருளுக்குச் செல்லும். கிளம்பியபின் பழைய நிலைக்குத் திருப்பிவிட வேண்டும். பேட்டரியை ஏற்றுக்கொண்ட பின்னும் அதன்மேல் நம்பிக்கையற்ற பொறியாளர்கள் விட்டுவைத்த புழக்கடை வாசல் அது.

இவ்வாங்கிலேய மரபு நம் மண்ணுக்கும் வந்தது. 1955-இல் ரெடிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் இணைந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்க, திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. பட்டினத்தார் அடங்கிய தலமாக நம்மவர் அறிந்த ஊர், 350 சி.சி. புல்லட்டின் ஊருமாயிற்று. அவ்வண்டியின் முகப்பில் பதிந்திருந்த சிறு வட்டக் கருவியான அம்மீட்டரைப் பற்றி எழுதியவர் குறைவு. முள் வலப்புறம் சாய்ந்தால் பேட்டரிக்குள் மின்சாரம் போகிறது. இடப்புறம் சாய்ந்தால் வெளியேறுகிறது. ஓடும்போது முள் இடப்புறமே கிடந்தால் மின்னாக்கியில் குறை. சாவியைத் திருப்பியும் முள் அசையவே இல்லையெனில், ஃபியூஸோ பேட்டரிக் கம்பியோ அறுந்திருக்க வேண்டும். அல்லது பாயிண்ட் திறந்த நிலையில் நிற்கிறது. நோய்க்குறிகளை நெற்றியிலேயே எழுதி வைத்திருந்த வண்டி.

அதைவிட வியப்பானது, புல்லட்டை உதைப்பவருக்கு அம்மீட்டர் செய்த உதவி. பிஸ்டன் அழுத்தத்தின் உச்சியை நெருங்கும் வேளையில் உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் பிசகும். எனவே சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல மெல்ல அழுத்திவர, பாயிண்ட் மூடியிருக்கும்வரை இடப்புறம் சாய்ந்திருக்கும் முள், பாயிண்ட் திறந்ததும் நடுவுக்குத் திரும்பும். அப்போது டிகம்ப்ரசரைப் பிடித்துப் பிஸ்டனைச் சற்றே கடத்திவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழு எடையையும் போட்டு ஓர் உதை. பள்ளி இறுதி வகுப்பைத் தாண்டாத மெக்கானிக்குகளும், மூட்டை கட்டிச்சென்ற பால்காரர்களும் ஒவ்வொரு காலையும் இவ்வாறு மின்சுற்று ஒன்றைச் சோதித்துவிட்டே வண்டியைக் கிளப்பினர் என்பதை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். வீரத்தின் அடையாளமாகத் திரைப்படங்கள் காட்டிய அவ்வுதை, உண்மையில் பொறுமையின் வேலை.

மாற்றம் ஜப்பானிலிருந்து வந்தது. ஹோண்டா நிறுவனம் 1950-களின் இறுதியில் தன் டிரீம், பென்லி வகை வண்டிகளில் மின்கிளப்பியைப் பொருத்தியது. 1960-இல் சூப்பர் கப்பிலும் அது வந்தது. 1969-இல் நான்கு உருளைகளோடு வெளிவந்த சிபி 750 வண்டியைப் பொத்தானால் கிளப்பலாம். ஆயினும் கிக்கரும் உடனிருந்தது. போட்டியைத் தாளாத நார்ட்டன் 1975-இல் தன் கமாண்டோவில் மின்கிளப்பியைச் சேர்த்தபோது அது 850 சி.சி. எஞ்சினைச் சுழற்றப் போதாமல் திணறியது. கிளப்பி அன்று, கிளப்ப உதவி செய்வது என்று ஓட்டுநர்களே அதைக் கேலி பேசினர். நம் நாட்டில் 1980-களில் கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டர் பொத்தானைப் பரவலாக்கிற்று. சேலையில் நிற்கும் ஒருவர் வண்டியைச் சாய்த்து, உதைத்து, வியர்த்து, வேடிக்கை பார்ப்பவரின் புத்திமதியைக் கேட்டபின் பணிக்குச் செல்லவேண்டிய நிலை மாறியது. கிக்கரின் மறைவுக்காகப் பெருமூச்சு விடுவோர் பெரும்பாலும் ஆண்களாகவே இருப்பதை இங்கே குறித்துவைப்பது நலம்.

அக்காலத்துச் சிறு வண்டிகள் பலவற்றில் பொறி பேட்டரியைச் சாராமல் மேக்னட்டோவிலிருந்தே பிறந்தது. பேட்டரி முற்றிலும் செத்தாலும் உதைத்தால் கிளம்பும். கிக்கர் ஒரு காப்பீடு. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 மாசு விதி நடப்புக்கு வந்தபோதுதான் அக்காப்பீடு பொருளிழந்தது. கார்புரேட்டரின் இடத்தை எரிபொருள் பீச்சுமுறை எடுத்துக்கொள்ள, பெட்ரோல் பம்புக்கும் அதை ஆளும் கணினிக்கும் உயிர்கொடுக்க மின்சாரம் வேண்டும். பேட்டரி அறவே செத்த வண்டியை உதைத்தும் தள்ளியும் பயன் பெரும்பாலும் இல்லை. தற்செயலாக, அதற்கு ஒரு வாரம் முன்புதான் கொரோனா ஊரடங்கு தொடங்கியிருந்தது. வீட்டு வாசல்களில் மாதக்கணக்கில் வண்டிகள் அசையாது நின்றன. தகடுகளில் சல்பேட்டு இறுகிற்று. 2021-இல் புதிய கிளாசிக் 350 கிக்கரின்றி வந்தது. 2023-இல் புதிய புல்லட்டும் அவ்வாறே.

இவ்வரலாற்றை மனத்தில் கொண்டால் செல்ஃப் எடுக்காத வண்டியின் முன் நிற்பவர் ஒலியைக் கொண்டே பாதி வழி சென்றுவிடலாம். "டக்" என்று ஒரே ஒலி எழுந்து அடங்கினால் ரிலே தன் கடமையைச் செய்துவிட்டது. அதற்கப்பால் கம்பியோ, மோட்டாரின் தேய்ந்த கார்பன் பிரஷ்ஷோ தடை. "டகடக" என்று விடாது அடித்தால் பேட்டரி பலவீனம்: ரிலே மூடுகிறது, மோட்டார் இழுக்க வோல்ட் சரிகிறது, ரிலே விடுகிறது, வோல்ட் மீள்கிறது, மறுபடியும் மூடுகிறது. ஒலியே இல்லையெனில் பிரேக் அல்லது கிளட்ச் சுவிட்சு, சைடு ஸ்டாண்டு, ஃபியூஸ். மோட்டார் மட்டும் விர்ரெனச் சுழன்று எஞ்சின் அசையாதிருந்தால் ஒருவழிக் கிளட்ச் தேய்ந்துவிட்டது. அதற்குப் பேட்டரியை மாற்றுவது தலைவலிக்குச் செருப்பை மாற்றுவது போன்றது. ஆனால் அதுவும் நடக்கிறது. சிறு ஸ்கூட்டருக்குப் புதுப் பேட்டரி ஆயிரம் ரூபாய்க்குமேல் ஆகிறது. கூலிவேலைக்கு வண்டியில் செல்பவருக்கு அது ஒரு நாள் சம்பளத்திற்குமேல். இரண்டே மாதத்தில் அப்புதுப் பேட்டரியும் சாகும்போது அவர் கம்பெனியைத் திட்டுகிறார். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.5 முதல் 14.5 வோல்ட்வரை வருகிறதா என்று எவரும் அளந்து பார்த்திருக்கவில்லை. வராவிடில் மின்னாக்கியிலோ ரெக்டிஃபையரிலோ பழுது. 15-ஐத் தாண்டினால் ரெக்டிஃபையர் பேட்டரியை வேகவைத்துக்கொண்டிருக்கிறது.

முன்பு மூடியைத் திறந்து ஹைட்ரோமீட்டரால் அமிலத்தின் அடர்த்தியை அளப்பர், 1.265-க்குமேல் இருந்தால் நிறைவு. இன்றைய மூடிய பேட்டரிகளில் அவ்வழி அடைபட்டது. புல்லட்டின் அம்மீட்டரும் புதிய வண்டிகளில் இல்லை. ஆனால் கைபேசிக்கு மின்னேற்றும் துளையோடு சேர்த்து வோல்ட்டைக் காட்டும் சிறு டிஜிட்டல் கருவிகள் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கின்றன, ஹேண்டில்பாரில் பொருத்திக்கொள்ளலாம். பொத்தானை அழுத்தும் முன் ஒரு முறை, அழுத்தும்போது ஒரு முறை, ஓடத் தொடங்கியபின் ஒரு முறை அதைப் பார்த்தால் போதும்.